உயர்ந்த கோபுரங்களின் அடித்தளம்: நங்கூரப் போல்ட்டிலிருந்து மண் வரை

செல்போன் கோபுரத்துக்கு இடம் வாடகைக்குக் கொடுத்தவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "இவ்வளவு பெரிய கோபுரத்தின் எடையை இந்த மண் தாங்குமா?" என்பதுதான். கோபுர அடித்தளங்களின் வரைபடங்களைச் சரிபார்ப்பதையே முதன்மைப் பணியாகக் கொண்ட கட்டமைப்புப் பொறியாளன் என்ற முறையில், இதற்கு விடை சொல்வது எனக்கு எளிது: தாங்கும். 40 மீட்டர் உயரமுள்ள இரும்புச் சட்டக் கோபுரம், ஆன்டெனா, கேபிள், ஏணி எல்லாம் சேர்த்தும் 15 முதல் 20 டன் அளவில்தான் இருக்கும். மாடி வைத்த ஒரு சாதாரண வீடு இதைப் போலப் பல மடங்கு கனமானது. அவர்கள் கேட்க வேண்டியது வேறொன்று. காற்று பலமாக அடிக்கும்போது கோபுரத்தின் ஒரு கால் மண்ணைவிட்டு எழும்பப் பார்க்கும். அந்தக் காலைக் கீழே பிடித்து வைப்பது எது?

காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து உயர்கிறது. காற்றுச் சுமைக்கான இந்திய விதிநூலான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியின்படி, வேகத்தை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து அதன் வர்க்கத்தை 0.6 ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்பது கிடைக்கும். கோயம்புத்தூருக்கு அந்த விதிநூல் தரும் அடிப்படை வேகம் வினாடிக்கு 39 மீட்டர், சென்னைக்கு 50 மீட்டர். வேகத்தில் வித்தியாசம் கால்பங்கு போலத் தெரிந்தாலும் அழுத்தத்தில் அது 1.64 மடங்கு. போதாததற்கு, 2015-இல் திருத்தப்பட்ட பதிப்பு, கிழக்குக் கடற்கரையிலிருந்து 60 கிலோமீட்டருக்குள் வரும் தகவல் தொடர்புக் கோபுரங்களைப் புயலுக்குப் பின்னும் இயங்க வேண்டிய கட்டமைப்புகளாகக் கருதி, வேகத்தை மேலும் 1.3 ஆல் பெருக்கச் சொல்கிறது. அதன் வர்க்கம் 1.69. இரண்டும் சேர்ந்தால் ஏறத்தாழ 2.8 மடங்கு. கோவைக்கு வரைந்த வரைபடத்தில் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிச் சென்னைப் புறநகருக்கு அனுப்பியதை நான் ஒருமுறைக்கு மேல் பார்த்திருக்கிறேன் என்பதால்தான் இந்தக் கணக்கை இங்கே இத்தனை விரிவாகச் சொல்கிறேன்.

இனி அந்த எழும்பும் காலுக்கு வருவோம். நான்கு கால்களுக்கிடையே 5 மீட்டர் அகலம் உள்ள ஒரு கோபுரத்தின் அடியில் காற்று 400 டன்-மீட்டர் கவிழ்ப்புத் திருப்பத்தை (விசையை அது செயல்படும் உயரத்தால் பெருக்கிய அளவு) உண்டாக்குகிறது என்று கொள்வோம். காற்று ஒரு முகத்துக்கு நேராக அடித்தால் இரண்டு கால்கள் சேர்ந்து அதை எதிர்க்கும். ஒவ்வொன்றிலும் 40 டன் தூக்குவிசை வரும். மூலைவாட்டில் அடித்தாலோ ஒரே கால் தனியாக எதிர்க்க வேண்டும், தூக்குவிசை 56.6 டன் ஆகிவிடும். கோபுரத்தின் சொந்த எடையில் அந்தக் காலின் பங்கான 5 டன்னைக் கழித்தாலும் 51.6 டன் மிஞ்சுகிறது. மூலைவாட்டுக் காற்றைக் கணக்கிடாத வடிவமைப்பு அறிக்கைகள் இன்றும் என் மேசைக்கு வருகின்றன.

இந்தத் தூக்குவிசையை எதிர்க்க, 3 மீட்டர் சதுரமும் அரை மீட்டர் தடிமனும் உள்ள ஒரு கான்கிரீட் பலகையை 3 மீட்டர் ஆழத்தில் போட்டு, அதிலிருந்து 60 சென்டிமீட்டர் சதுரத் தூண் ஒன்றைத் தரைவரை எழுப்புகிறோம். கான்கிரீட் 5.4 கனமீட்டர், எடை 13.5 டன். மீதியை மண்தான் தர வேண்டும். பலகை மேலே எழ முயலும்போது, அதன் விளிம்புகளிலிருந்து செங்குத்துக் கோட்டிலிருந்து வெளிப்புறமாக 30 பாகை சாய்வில் விரியும் ஒரு மண் கூம்பையும் சேர்த்துத் தூக்க வேண்டியிருக்கும் என்பது வழக்கமான கருதுகோள். அந்தக் கூம்பில் சுமார் 50 கனமீட்டர் மண், எடை 90 டன். மொத்தம் 104 டன். தேவைக்கு இரண்டு மடங்கு இருக்கிறது என்று நிம்மதியாகக் கையெழுத்திடத் தோன்றும்.

அதே குழியில் நிலத்தடி நீர் தரைமட்டம்வரை ஏறிவிட்டால் என்ன ஆகும்? மிதப்பு விசையால் ஒவ்வொரு கனமீட்டருக்கும் ஒரு டன் குறையும். கனமீட்டருக்கு 2.5 டன் இருந்த கான்கிரீட் 1.5 ஆகவும், 1.8 இருந்த மண் 0.8 ஆகவும் இறங்கிவிட, கான்கிரீட் 8.1 டன், மண் 40.2 டன், இரண்டும் சேர்ந்து 48.3 டன். தூக்குவிசையோ 51.6 டன். கான்கிரீட்டில் ஒரு கீறலும் இல்லாமல், கம்பியில் ஒரு குறையும் இல்லாமல், அந்த அடித்தளம் அப்படியே பிடுங்கிக்கொண்டு வரும்.

டெல்டாப் பகுதியில் நான் சரிபார்க்க நேர்ந்த ஒரு கோபுரத்தின் மண் பரிசோதனை சித்திரை மாதத்தில் செய்யப்பட்டிருந்தது. துளையில் 4 மீட்டர்வரை நீர் இல்லை என்று அறிக்கை சொன்னது. வடிவமைத்தவரும் அதை நம்பி உலர்ந்த மண்ணுக்கே கணக்கிட்டிருந்தார். பக்கத்து வயல்காரரிடம் விசாரித்தபோது, ஐப்பசி கார்த்திகையில் வரப்பு தெரியாத அளவுக்குத் தண்ணீர் நிற்கும் என்றார். நம் கடற்கரையில் புயல் வருவதும் அதே மாதங்களில்தான். 2018-இல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது நவம்பர் 16 அன்று. மண் மிக லேசாக இருக்கும் காலமும் காற்று மிகக் கடுமையாக இருக்கும் காலமும் ஒன்றாகவே வரும் நாட்டில், நீர்மட்டத்தைத் தரைமட்டத்திலேயே வைத்துக் கணக்கிடுவதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன். செலவு கூடுகிறது என்ற முறையீடு வராத மாதம் இல்லை.

மண் கூம்பு என்ற கருதுகோளுக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. கூம்பின் பெரும்பகுதி குழிக்குள் திரும்பக் கொட்டப்பட்ட மண்ணாகவே இருக்கும். அதை 20, 25 சென்டிமீட்டர் அடுக்குகளாகப் போட்டு, ஈரம் பார்த்து இறுக்கினால்தான் அந்த 1.8 டன் அடர்த்தி கிடைக்கும். நடைமுறையில் ஜேசிபி ஒரே தள்ளலில் குழியை மூடிவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறது. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண்ணானால் நிலைமை இன்னும் மோசம். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்து, மழையில் ஊதிப் பெருகும் மண்ணை நம்பிக் கூம்பு வரைவது வீண். அங்கே கரிசலை அகற்றிவிட்டுக் கிராவல் நிரப்ப வேண்டும், அல்லது ஆழத்திலுள்ள கெட்டி மண்வரை இறங்கும் கான்கிரீட் தூண்களான பைல் போட வேண்டும்.

மண்ணை விட்டு, கோபுரத்தைக் கான்கிரீட்டோடு பிணைக்கும் நங்கூரப் போல்ட்டுக்கு வந்தால், அங்கேயும் இதே இழுவைதான் பேசுபொருள். ஒற்றைக் குழாய்க் கோபுரம் ஒன்றின் அடியில் 200 டன்-மீட்டர் திருப்பம், 1.2 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் 24 போல்ட்டுகள் என்றால், மிக அதிகமாக இழுபடும் போல்ட்டில் ஏறத்தாழ 28 டன் விசை வரும். 36 மில்லிமீட்டர் விட்டமுள்ள எம் 36 போல்ட்டின் மறைப் பகுதியில் (நட்டு ஏறும் திருகுப் புரியில்) விசை தாங்கும் பரப்பு 817 சதுர மில்லிமீட்டர். ஆகவே தகைவு, அதாவது பரப்பளவால் வகுத்த விசை, சதுர மில்லிமீட்டருக்கு 340 நியூட்டன் அளவில் இருக்கும். உயர்வலிமை வகையான 8.8 தரப் போல்ட்டுக்கு இது இயல்பான சுமை. ஆனால் சாதாரண வகையான 4.6 தரப் போல்ட் 240-லேயே நெகிழத் தொடங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். துருப்பிடிக்காமலிருக்கத் துத்தநாகம் (கால்வனைசிங்) பூசியபின் தலையில் தர முத்திரை இல்லாத மறைக்கம்பியை எவராலும் கண்ணால் அடையாளம் காண முடியாது. ஆலைச் சான்றிதழும் ஆய்வகச் சோதனையும் இல்லாத போல்ட்டை நான் குழிக்குள் இறக்க விடுவதில்லை.

போல்ட் நல்லது என்றே கொள்வோம். அதன் விசை எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி. கான்கிரீட்டில் புதைந்த போல்ட்டை இழுத்தால், அடிமுனையிலிருந்து ஒரு கான்கிரீட் கூம்பு பிய்ந்துவரும். அதன் ஆரம் புதைந்த ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு. ஒரு மீட்டர் ஆழப் போல்ட்டுக்கு 3 மீட்டர் அகலமுள்ள கூம்பு தேவை. சட்டக் கோபுரத்தின் காலுக்கு நாம் முன்பு எழுப்பியதோ 60 சென்டிமீட்டர் தூண். கூம்பு உருவாக இடமே இல்லை என்பதால், போல்ட்டின் முழு விசையையும் தூணின் செங்குத்துக் கம்பிகள்தான் பக்கவாட்டில் வாங்கிக்கொண்டு பலகைக்குக் கடத்த வேண்டும். அதற்கு அந்தக் கம்பிகள் போல்ட்டுக்கு அருகிலேயே நிற்க வேண்டும். விரிசல் ஓடக்கூடிய கோட்டுக்கு மேலும் கீழும் முழுப் பிணைப்பு நீளம் (கம்பி உருவாமல் கான்கிரீட் பிடித்துக்கொள்ளத் தேவையான நீளம்) இருக்க வேண்டும். தூணின் தலைப்பகுதியில் வளையக் கம்பிகள் நெருக்கமாகக் கட்டப்பட வேண்டும். போல்ட் ஒரு நிறுவனத்தின் வரைபடத்திலும் கம்பி வேறொரு நிறுவனத்தின் வரைபடத்திலும் இருப்பதால், இந்தக் கடத்தலை இருவருமே கணக்கிடாமல் விடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அடிமுனையை வெறுமனே வளைத்துவிட்ட ஜே வடிவப் போல்ட்டுகளையும் நான் தவிர்க்கவே சொல்கிறேன். பெரும் இழுவையில் வளைவு நிமிர்ந்து உருவிக்கொண்டு வந்துவிடும். தடித்த தகடும் நட்டும் உள்ள முனையே நம்பத் தகுந்தது.

முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் சுழலும் காற்றாலைகளில் இந்தச் சிக்கல் வேறொரு வடிவம் எடுக்கிறது. செல்போன் கோபுரத்துக்குப் பெருங்காற்று ஆண்டில் சில நாள். காற்றாலைக்கோ இயங்கும் ஒவ்வொரு வினாடியும் ஆட்டம்தான். இருபது ஆண்டு ஆயுளில் பல கோடி முறை இழுத்து விடப்படும் இரும்பு, தன் வலிமையில் ஒரு சிறு பங்கே உள்ள தகைவிலேயே களைத்து முறியக்கூடும். பழைய வகைகளில் கோபுரத்தின் அடிவளையத்தையே கான்கிரீட்டில் புதைத்துவிடுவார்கள். அந்த வளையத்தின் அடித்தட்டு மேலும் கீழுமாக இடித்து இடித்துச் சுற்றியுள்ள கான்கிரீட்டை மாவாக்கும், மேலிருந்து மழைநீர் இறங்கி அந்த மாவை வெளியே தள்ளும், இடைவெளி பெருகும். அடித்தளத்தின் மேல் சாம்பல் நிறத்தில் வழிந்து காய்ந்த தடம் தெரிந்தால், சுண்ணாம்பு அடித்து மறைக்கும் முன் ஒரு பொறியாளரை அழைத்துவிட வேண்டும்.

இப்போது பெரும்பாலும் போல்ட் கூண்டு முறையே பயன்படுகிறது. கூண்டின் நீண்ட போல்ட்டுகள் குழாய் உறைக்குள் கான்கிரீட்டைத் தொடாமல் அடிவளையம்வரை இறங்கும். கோபுரத்தை நிறுத்தி, அடித்தகட்டின் கீழ் இடைவெளியை நிரப்ப ஊற்றிய உயர்வலிமைச் சிமெண்டுக் கலவையான கிரௌட் இறுகியபின், ஹைட்ராலிக் கருவியால் ஒவ்வொரு போல்ட்டையும் முன்கூட்டியே இழுத்துப் பூட்டுவார்கள். வைக்கோல் ஏற்றிய லாரியில் கயிற்றை நன்றாக இறுக்கிக் கட்டியிருந்தால், வண்டி குலுங்கினாலும் கயிறு வெட்டி இழுபடுவதில்லை; தளர்ந்த கயிறுதான் ஒவ்வொரு குலுக்கலுக்கும் சுண்டும். அதே போலக் காற்றின் இழுவை, ஏற்கெனவே அமுங்கியிருக்கும் கான்கிரீட்டின் அமுக்கத்தைக் குறைப்பதில் கழிந்துவிடுவதால், போல்ட்டில் ஏற்படும் மாற்றம் சிறிதாகவே இருக்கும். அமெரிக்காவில் ஹெண்டர்சன், பாட்ரிக் என்ற இருவர் 1996-இல் காப்புரிமை பெற்ற முறை இதன் எல்லைவரை சென்றது: ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு நெளிகுழாய்களை ஆழக் குழியில் இறக்கி, இடைவெளியில் கான்கிரீட் ஊற்றி, மேலிருந்து அடிவரை செல்லும் போல்ட்டுகளால் மொத்தக் கான்கிரீட்டையும் அமுக்கத்திலேயே வைப்பது. குழி தானாக நிற்கும் கெட்டி நிலத்துக்கு அது அழகான தீர்வு. கரிசலிலும் தேரி மணலிலும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இறுக்கிய போல்ட் இறுகியே இருக்கும் என்பதற்கில்லை. கிரௌட்டும் கான்கிரீட்டும் மெல்லச் சுருங்கும், மறைகள் படியும், விசை குறையும். சில மாதங்களில் ஒருமுறையும் பின்னர் குறித்த கால இடைவெளியிலும் மறுபடி அளந்து இழுக்க வேண்டும் என்று கையேட்டில் எழுதியிருக்கும். உத்தரவாதக் காலம் முடிந்து காற்றாலை கைமாறும்போது அந்தப் பக்கம் முதலில் காணாமல் போகிறது.

களத்தில் நான் கண்ட பிழைகளில் மனத்தைவிட்டு நீங்காதது ஒன்று உண்டு. கான்கிரீட் ஊற்றும்போது, போல்ட்டுகளை அதனதன் இடத்தில் பிடித்து வைக்கும் டெம்ப்ளேட்டைச் சரியாகப் பூட்டாததால் நான்கு போல்ட்டுகள் விரலளவு சாய்ந்துவிட்டன. மறுநாள் கிரேன் வாடகை ஓடிக்கொண்டிருந்தது. இரவோடு இரவாகக் கேஸ் டார்ச்சால் போல்ட்டுகளைச் சிவக்கச் சுட்டு, குழாய் மாட்டி நிமிர்த்தி, ஜிங்க் பெயிண்ட் பூசிவிட்டார்கள். வெப்பச் சிகிச்சையால் வலிமை பெற்ற 8.8 தர இரும்பை அப்படிச் சுட்டால் அந்த வலிமை போய்விடும். கோபுரம் நின்றபின் அதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. மேஸ்திரிதான் தயங்கித் தயங்கி என்னிடம் வந்து சொன்னார். அவர் சொல்லியிராவிட்டால் நான் கையெழுத்திட்டிருப்பேன்.

இப்போது என்னிடம் அதிகம் வருபவை, பழைய கோபுரங்களில் 5ஜி ஆன்டெனாக்களைக் கூடுதலாக ஏற்றுவதற்கான சான்று வேண்டும் என்ற கோரிக்கைகள். கோபுரத்தின் இரும்பு உறுப்புகளைக் கணினியில் சரிபார்த்த அறிக்கை இணைக்கப்பட்டிருக்கும். அடித்தளத்தின் வரைபடத்தைக் கேட்டால், அது கிடைக்கவில்லை என்று பதில் வரும். அப்போது ஒரு காலைச் சுற்றிக் கையால் பள்ளம் தோண்டி, பலகையின் அகலத்தையும் ஆழத்தையும் டேப்பில் அளந்து அனுப்பச் சொல்கிறேன். தோண்டிய மண்ணை அடுக்கடுக்காக இறுக்கி மூட வேண்டும் என்றும், பக்கத்துக் கிணற்றில் கார்த்திகையில் தண்ணீர் எந்தப் படிவரை வரும் என்று கேட்டு எழுத வேண்டும் என்றும் அதே கடிதத்தில் சேர்த்துவிடுகிறேன்.