டிங்கரிங்: ஒடுக்கெடுக்கும் வேலைக்கு என்ன பெயர்?

'டிங்கரிங், பெயிண்டிங்' என்று எழுதிய பலகையைத் தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூர்ச் சாலையிலும் பார்க்கலாம். மோதி நசுங்கிய வண்டியைத் தட்டி நேராக்கும் இடம் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அதே சொல்லை 1969ஆம் ஆண்டு கமாரோ கார் வைத்திருக்கும் ஓர் அமெரிக்கரிடம் சொன்னால் அவர் வேறொன்றை நினைத்துக்கொள்வார். ஓய்வு நாளில் கார்புரேட்டர் திருகை அரைச்சுற்று இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பதுதான் அவருக்கு டிங்கரிங். நம் டிங்கரிங்கை அவர் 'பாடி ஒர்க்' என்பார். அதிலும், பள்ளத்தை நிரப்பும் களிம்பான பட்டியை நம்பாமல் இரும்புத் தகட்டையே பழைய மட்டத்துக்குக் கொண்டுவரும் வேலையை 'மெட்டல் ஃபினிஷிங்' என்று தனியாகப் பிரித்துச் சொல்வார்.

மசில் கார்களை, அதாவது நடுத்தர அளவு உடலில் பெரிய எஞ்சினை வைத்த பழைய அமெரிக்கக் கார்களைப் புதுப்பிப்பதைப் பற்றித் தமிழில் எழுத உட்காரும்போதெல்லாம் என் கை இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. 'உடற்பகுதி மறுசீரமைப்பு' என்று எழுதினால் மருத்துவமனை நினைவுக்கு வருகிறது. 'டிங்கரிங்' என்று எழுதினால் வேலை தெரிந்தவருக்குப் புரிகிறது. ஆகவே அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, அதற்கு ஈடாக நம்மிடம் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

ஆங்கிலத்தில் டிங்கர் என்றால் ஊர் ஊராகப் போய்ப் பானை, கெட்டில்களின் ஓட்டையை அடைத்துக் கொடுத்தவர். இங்கிலாந்தின் 13ஆம் நூற்றாண்டு ஆவணங்களிலேயே இது தொழிற்பெயராக வருகிறது. சொல்லின் வேரைப் பற்றி இரண்டு கருத்துகள் உண்டு. வெள்ளீயத்தைக் குறிக்கும் 'டின்' என்பதிலிருந்து பிறந்தது என்பது ஒன்று. தகட்டில் சுத்தியல் விழும் 'டிங்க்' ஓசையிலிருந்து பிறந்தது என்பது மற்றொன்று. நான் ஓசையின் பக்கம் சாய்கிறேன். தட்டுவதால் பொற்கொல்லரைத் தட்டான் என்று அழைத்த மொழி நம்முடையது. செய்யும் செயலும் எழும் ஓசையும் தொழிலாளிக்குப் பெயராவது நமக்குப் புதிதில்லை.

பின்னாளில் அந்தப் பெயர் வினையானபோது, அரைகுறையாக ஒட்டுப்போடுதல் என்ற இளக்காரமும் கூடவே ஒட்டிக்கொண்டது. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் நாடோடி மக்களை ஏசும் சொல்லாகவும் ஆயிற்று. நம் பட்டறைகளில் அந்தக் கறை சிறிதும் இல்லை. இங்கே டிங்கர் என்றால் கைதேர்ந்தவர். சொந்த ஊரில் மதிப்பிழந்த ஒரு சொல் நம்மிடம் வந்து மரியாதையோடு வாழ்வதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

அந்த மரியாதை எவ்வளவு நியாயமானது என்பது ஒரு மசில் காரின் பின்பக்கத்தைப் பார்த்தால் தெரியும். 1964இல் பாண்டியாக் நிறுவனம் தன் நடுத்தர அளவுக் காரில் 389 கன அங்குல வி-8 எஞ்சினை வைத்து ஜிடிஓ என்று விற்றது. அதைத் தொடர்ந்து ஷெவல், ரோட் ரன்னர், சார்ஜர் என்று ஒரு படையே கிளம்பியது. எஞ்சினுக்குக் காட்டிய அக்கறையைத் துருத் தடுப்புக்கு யாரும் காட்டவில்லை. குளிர்காலத்தில் அமெரிக்காவின் வடமாநிலச் சாலைகளில் பனி உருகுவதற்காகத் தூவிய உப்பு, சக்கரம் சுழன்ற வேகத்தில் தகட்டின் உட்புறத்தில் போய் அப்பிக்கொண்டது. பின் கண்ணாடியைச் சுற்றியிருக்கும் குரோம் பட்டையின் அடியில் தேங்கிய நீர் டிக்கியின் தரைக்குக் கசிந்தது. கூரையில் அழகுக்காக வினைல் உறை ஒட்டிய கார்களின் கதி இன்னும் மோசம். உறைக்கு அடியில் ஈரம் நின்று கூரையே சல்லடையாகும்.

பின் சக்கரத்தைச் சுற்றிக் கதவு முதல் பின் பம்பர் வரை ஓடும் அந்தப் பெரிய வளைவுத் தகடுதான் குவார்ட்டர் பேனல். அதன் கனம் ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. பானட்டையும் கதவையும்போல் இதைத் திருகு கழற்றி மாற்ற முடியாது; உடலோடு வெல்டிங் செய்யப்பட்டது. கீழ்ப்பகுதி அரித்துப்போயிருந்தால் அந்த அளவுக்கு வெட்டி எடுத்து, புதுத்தகட்டை விளிம்போடு விளிம்பு பொருத்தி, பொட்டுப் பொட்டாக இடம் மாற்றி மாற்றி வெல்டிங் வைக்க வேண்டும். ஒரே இழுப்பில் வைத்தால் சூட்டில் தகடு அப்பளம்போல் நெளியும்.

அதன் பிறகுதான் சுத்தியலும் டாலியும். டாலி என்பது உள்ளங்கையில் அடங்கும் கனத்த எஃகுக் கட்டி. தகட்டின் பின்னால் டாலியை அணைத்துப் பிடித்து, நேர் எதிரே அடித்தால் தகடு இரண்டுக்கும் நடுவில் சிக்கி விரியும். டாலியைப் பள்ளத்தின் அடியில் பிடித்து, பக்கத்து மேட்டில் அடித்தால் மேடு இறங்கும், பள்ளம் எழும். மோதலில் ஏற்கெனவே விரிந்துபோன தகட்டை மேலும் தட்டினால் டப்பா மூடிபோல் 'டொப் டொப்' என்று உள்ளும் வெளியும் துள்ளும். அதற்கு வைத்தியம் சூடு. ஒரு சிறு காசளவு இடத்தைச் செந்நிறம் வரும்வரை காய்ச்சி, சுற்றிலும் தட்டி, ஈரத்துணியால் குளிர வைத்தால் தகடு சுருங்கிக்கொள்ளும். பிறகு அரத்தை லேசாக ஓட்டினால் மேடுகள் பளபளக்கும், பள்ளங்கள் மங்கலாகவே நிற்கும். மறுபடி தட்டல், மறுபடி அரம்.

இவ்வளவு பாட்டுக்குப் பொறுமையில்லாத இடத்தில் வருவதுதான் பட்டி. பாலியெஸ்டர் பிசினில் செய்த ஃபில்லரை அமெரிக்காவில் பலரும் பாண்டோ என்று ஒரு வணிகப் பெயராலேயே அழைக்கிறார்கள். நம் 'பட்டி' ஆங்கிலப் புட்டியின் திரிபு. புட்டி பிரெஞ்சுப் 'பொத்தே'யிலிருந்து வந்தது. ஒரு பானை அளவு என்பது அதன் முதற்பொருள். பின்னர் கண்ணாடியையும் உலோகத்தையும் மெருகேற்றும் ஈயத் தூளுக்குப் பெயராகி, அதன் பிறகே ஓட்டை அடைக்கும் களிம்பைக் குறித்தது. பட்டி தன்னளவில் தீய பொருளன்று. நன்றாக ஒடுக்கெடுத்த தகட்டின் மேல் மெல்லிய பூச்சாக வைத்தால் தவறே இல்லை. கால் அங்குலத்துக்கு மேல் அப்பினால் நாளடைவில் வெடிக்கும். துருவின் மேலேயே அப்பினால் உள்ளே அரிப்பு தொடர்ந்துகொண்டே இருக்கும். பழைய கார் வாங்கப் போகிறவர் சட்டைப்பையில் காந்தம் எடுத்துப் போவது இதற்காகத்தான். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் காந்தம் பிடிக்காது.

பாலியெஸ்டருக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தது ஈயம். கூரையும் குவார்ட்டர் பேனலும் சேரும் மூட்டை அன்றைய தொழிற்சாலைகளே ஈயத்தால் நிரப்பி மறைத்தன. 70 பங்கு காரீயம், 30 பங்கு வெள்ளீயம் என்பது வழக்கமான கலவை. 183 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். 250 டிகிரியைத் தாண்டும்வரை முழுதாக உருகாது. நடுவில் உள்ள அந்த வெப்பத்தில் வெண்ணெய்போல் குழைந்திருக்கும்போது, மெழுகு தடவிய மரக்கரண்டியால் தள்ளித் தள்ளிப் பரப்புவார்கள். அதற்கு முன் தகட்டுக்கு ஈயப் பூச்சு கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் பிடிக்காது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசியதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி அந்நியமாகத் தோன்றாது. காரீயத்தூள் நஞ்சு என்பதால் இதை இயந்திரத்தில் தேய்க்காமல் அரத்தால் மட்டுமே சீவ வேண்டும். ஈயம் பூசினாற்போலவும் இருக்க வேண்டும், பூசாதது போலவும் இருக்க வேண்டும் என்று நாம் சொல்வோமே, அந்த மூட்டுக்கு அது அப்படியே பொருந்தும்.

இனித் தமிழ்ச் சொல். 'தகர வேலை' என்று சிலர் எழுதுகிறார்கள். தகரம் என்பது வெள்ளீயத்தையும் வெள்ளீயம் பூசிய தகட்டையும் குறிப்பது. ஆங்கில 'டின்'னும் இதே வழியில்தான் நடந்தது. ஆனால் மசில் காரின் உடல் வெறும் எஃகுத் தகடு. தகரம் என்றதும் டப்பாதான் நினைவுக்கு வருகிறது என்பது இன்னொரு குறை. 'தகட்டு வேலை' என்பதே சரி. வெட்டுதல், வெல்டிங், தட்டுதல் எல்லாவற்றுக்கும் பொதுவாக அது நிற்கும்.

தட்டி மட்டமாக்கும் அந்த நுட்பத்துக்கு மட்டும் தனிச்சொல் வேண்டும். அது நம் அடுக்களையிலேயே இருக்கிறது. குடம் கீழே விழுந்து நசுங்கினால் 'ஒடுக்கு விழுந்துவிட்டது' என்கிறோம். சில இடங்களில் சொட்டை என்பார்கள். கன்னாரிடம் கொடுத்து 'ஒடுக்கெடுத்து' வாங்குகிறோம். மெட்டல் ஃபினிஷிங் என்று அமெரிக்கர் சொல்வதற்கு ஒடுக்கெடுத்தல் என்பதைவிடப் பொருத்தமான தமிழை நான் காணவில்லை. பள்ளத்தை நிரப்புவதைப் பற்றி அந்தச் சொல் பேசவே இல்லை, எடுப்பதைத்தான் சொல்கிறது. எனவே 'ஷெவலின் குவார்ட்டர் பேனலில் ஒடுக்கெடுத்து, மேலே மெல்லியதாகப் பட்டி பார்த்தார்' என்று எழுதலாம். வேலையின் வரிசையும் தரமும் அந்த ஒரே வாக்கியத்தில் வந்துவிடும். பேச்சில் டிங்கரிங் தாராளமாக இருக்கட்டும். எழுத்தில், எந்த வேலை என்று பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில், தகட்டு வேலை, ஒடுக்கெடுத்தல் என்ற இந்த இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம்.

டாலிக்கும் ஒரு சொல் உண்டு. கொல்லர் இரும்பை வைத்து அடிக்கும் அடைகல்லுக்குப் பட்டடை என்று பெயர். 821ஆம் குறளில் அந்தச் சொல் வருகிறது. நாம் பட்டறை என்பதும் அதன் வழியில் வந்ததே. கையில் பிடிக்கும் சிறு அடைகல்லான டாலியைக் கைப்பட்டடை என்று சொல்லிவிடலாம்.