டப்பாவுக்குள் ஐந்து மணி நேரம்

தேவகோட்டையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "காலையில் தட்டில் வைத்தால் நாலு இட்லி தின்கிறான். அதே ஈட்டில் எடுத்த இட்லியை டப்பாவில் வைத்து அனுப்பினால் ஒன்றைக் கடித்துவிட்டு மூன்றைத் திருப்பிக் கொண்டுவருகிறான். கேட்டால் 'இது வேற இட்லிம்மா' என்கிறான். இந்தப் பிடிவாதத்தை எப்படி மாற்றுவது?"

மாற்ற வேண்டாம். பையன் சொல்வது உண்மை. அது வேறு இட்லிதான்.

சாப்பாட்டில் அடம் பிடிக்கும் பிள்ளைகளைப் பற்றி எழுதும்போது பெரும்பாலும் பிள்ளையின் நாக்கைப் பற்றியே எழுதுகிறோம். அதிலும் உண்மை இருக்கிறது. இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை புதுச் சாப்பாட்டைக் கண்டால் ஒதுங்கும் குணம் தூக்கலாக இருக்கும். பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்குக் கசப்பு கூடுதலாக உறைக்கும். புது ருசியைப் பத்துப் பதினைந்து தடவை வற்புறுத்தாமல் காட்டினால் பல பிள்ளைகள் பழகிக்கொள்வார்கள். இவையெல்லாம் பலமுறை எழுதப்பட்டவை. ஆனால் காலை ஏழரைக்கு மூடிய டப்பா பன்னிரண்டரைக்குத் திறக்கும்வரை உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் பிள்ளைகளிடம் சொல்வதில்லை, அம்மாக்களிடமும் சொல்வதில்லை. எனக்கு அந்த ஐந்து மணி நேரம்தான் முக்கியமாகப் படுகிறது.

அரிசியில் பெரும்பங்கு மாவுச்சத்து. மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மணிகளைக் கோத்த சங்கிலி. பள்ளியில் படித்ததுதான். அந்தச் சங்கிலியில் இரண்டு வகை உண்டு. ஒன்று அமைலோஸ்: சில நூறு முதல் சில ஆயிரம் மணிகள் வரை ஏறக்குறைய நேராகக் கோத்தது. இன்னொன்று அமைலோபெக்டின்: அதைவிடப் பன்மடங்கு பெரியது, உடம்பெல்லாம் கிளை.

எங்கள் பக்கத்தில் விறகு கட்டிப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்கவே வேண்டாம். நேர்க் கம்புகளை அடுக்கினால் ஒன்றோடொன்று இழைந்து இறுக்கமான கட்டாகிவிடும். சீமைக் கருவேலங் கிளைகளை அப்படிக் கட்ட முடியாது. முள்ளும் கவையும் ஒன்றையொன்று தள்ளி, நடுவில் இடைவெளி விட்டுக்கொண்டே இருக்கும். அமைலோஸ் நேர்க் கம்பு, அமைலோபெக்டின் கருவேலங் கிளை.

வேகாத அரிசிக்குள் இந்தச் சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். தண்ணீரும் சூடும் சேர்ந்து அறுபது, எழுபது டிகிரியைத் தாண்டும்போது அடுக்கு குலைகிறது. தண்ணீர் உள்ளே புகுகிறது, மாவுச்சத்துத் துகள் ஊதுகிறது, நேர்ச் சங்கிலிகள் கழன்று வெளியே வருகின்றன. நாம் "வெந்துவிட்டது" என்று சொல்வது இதைத்தான். இட்லித் தட்டிலிருந்து ஈரத்துணியோடு கவிழ்த்த இட்லி அத்தனை மெதுவாக இருப்பதற்குக் காரணம், சங்கிலிகளுக்கு நடுவே தண்ணீர் உட்கார்ந்திருப்பதுதான்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. இட்லி ஆறத் தொடங்கியதும் நேர்ச் சங்கிலிகளின் ஆட்டம் அடங்குகிறது. பக்கத்தில் இருக்கும் இன்னொரு நேர்ச் சங்கிலியைத் தொடுகின்றன. இரண்டும் கயிறு திரிப்பதுபோல ஒன்றையொன்று சுற்றிக்கொள்கின்றன. அந்தத் திரிகள் பக்கம் பக்கமாக அடுக்கிக்கொண்டு குட்டிப் படிகங்களாகின்றன. நடுவில் இருந்த தண்ணீருக்கு இடமில்லாமல் போகிறது. அது வெளியேறி இட்லியின் ஓரங்களுக்கும் டப்பாவின் அடிக்கும் வருகிறது. வேகும்போது குலைந்த ஒழுங்கு, ஆறும்போது தானாகத் திரும்புகிறது. இதற்கு ரெட்ரோகிரேடேஷன் என்று பெயர், பின்னோக்கிப் போதல் என்று பொருள். வெந்த மாவு மறுபடி வேகாத நிலையை நோக்கி நடக்கிறது. பெயர் வைத்தவருக்கு நல்ல காது இருந்திருக்கிறது.

அமைலோஸ் இதைச் சில மணி நேரத்தில் முடித்துவிடும். கிளைபிடித்த அமைலோபெக்டின் நிதானம், நாள்கணக்கில் எடுத்துக்கொள்ளும். டப்பாவின் ஐந்து மணி நேரம் பெரும்பாலும் அமைலோஸின் நேரம்.

"காற்றுப் புகாத டப்பா வாங்கினேன், அப்படியும் விறைத்துப் போகிறதே" என்பவர்களுக்கு 1852-லேயே பதில் வந்துவிட்டது. பிரெஞ்சு வேதியியலாளர் பூசெங்கோ ரொட்டியை வைத்துச் சோதித்தார். ஈரம் போகாமல் மூடி வைத்த ரொட்டியும் பழசாகிறது என்று கண்டார். பழைய ரொட்டியைச் சூடாக்கினால் திரும்ப மெதுவாகிறது, அப்படிச் சூடாக்கும்போது அதன் ஈரம் இன்னும் குறைகிறது என்றாலும்! ஆகவே விறைப்புக்குக் காரணம் காய்ந்துபோவது மட்டுமல்ல, உள்ளே நடக்கும் மறு அடுக்கல். எந்த மூடியாலும் அதைத் தடுக்க முடியாது.

குளிர் இதை விரட்டி விரட்டி நடத்தும். நாலு டிகிரிக்குப் பக்கத்தில், அதாவது நம் ஃபிரிட்ஜின் சூட்டில், வேகம் அதிகம். ராத்திரியே இட்லி ஊற்றி, ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் அப்படியே டப்பாவில் போடுவதுபோல மோசமான வழி வேறில்லை. மாவைச் சில நாள் ஃபிரிட்ஜில் வைக்கலாம். வெந்த இட்லியை வைத்தால் காலையில் மறுபடி ஆவி காட்டித்தான் எடுக்க வேண்டும். அறுபது டிகிரி வாக்கில் அமைலோபெக்டின் படிகங்கள் உருகிவிடும். அமைலோஸ் படிகங்கள் உருக நூறு டிகிரிக்கு மேல் வேண்டும், இட்லிப் பானைக்குள் அந்தச் சூடு வராது. அதனால்தான் மறுசூடு காட்டிய இட்லி மெதுவாகிறதே தவிர, புது இட்லி ஆவதில்லை. அந்த மிச்ச வித்தியாசத்தையும் பிள்ளைகள் வாயில் வைத்தவுடன் கண்டுபிடிக்கிறார்கள். நாம் கவனிக்காமல் முழுங்கப் பழகிவிட்டோம்.

அரிசிக்கு அரிசி இது மாறும். 1966-ல் வெளியான ஐ.ஆர்.8 நாட்டின் பசியைத் தீர்த்த அரிசி. அதில் அமைலோஸ் அதிகம், ஆறினால் விறைக்கும். என் அப்பத்தா அந்தச் சோற்றைக் கொதிக்கக் கொதிக்கப் போட்டு, "ஆறுறதுக்குள்ள சாப்பிட்டுருங்கடா" என்று விரட்டுவார். அதே வீட்டில் விசேஷத்துக்குக் கவுனி அரிசி கிண்டுவார்கள். முந்தின ராத்திரி ஊறவைத்து, குழைய வேகவைத்து, சூட்டோடு சீனியும் தேங்காய்ப்பூவும் நெய்யும் ஏலமும் சேர்த்து மசித்தது. காலையில் கிண்டியது சாயங்காலமும் மெதுவாக இருக்கும். சிறுமியாக இருந்தபோது, மற்றச் சோறு ஏன் இப்படி இருப்பதில்லை என்று நான் கேட்டிருக்கிறேன். "அது பர்மா அரிசிடி" என்பார் அப்பத்தா. பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போனவர்களோடு வந்தது என்பது எங்கள் ஊர்களில் வழிவழியாகச் சொல்வது. வேதியியல் படித்த பிறகுதான் காரணம் புரிந்தது. ஒட்டரிசி இனங்களில் அமைலோஸ் இரண்டு சதவீதம்கூடத் தேறாது. கவுனியும் அந்தச் சொந்தம்தான். கட்டுவதற்கு நேர்க் கம்பே இல்லாத விறகு! வாரத்தில் ஒரு நாள் சின்னச் சம்படத்தில் இரண்டு கரண்டி கவுனி வைத்து அனுப்பிப் பாருங்கள். அதன் கருநீல நிறத்துக்காகவே பல பிள்ளைகள் கை வைக்கும்.

மற்ற நாளைக்கு என்ன செய்வது? வீட்டுக்காரர்கள் ஏற்கெனவே செய்துவருவதற்கெல்லாம் காரணம் உண்டு, அது தெரிந்தால் சரியாகச் செய்யலாம். இட்லிக்கு நல்லெண்ணெயும் பொடியும் தடவுவதை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் மேல்பரப்பை மூடி ஈரத்தைக் காக்கும். அதிலுள்ள கொழுப்பு அமிலம் கொஞ்சம், சுருளாக வளைந்த அமைலோஸ் சங்கிலிக்குள் நுழைந்து உட்கார்ந்துகொண்டால் அந்தச் சுருள் பக்கத்துச் சங்கிலியோடு சேராது. ரொட்டித் தொழிற்சாலைகள் மோனோகிளிசரைடு என்ற கொழுப்புப் பொருளைச் சேர்ப்பதும் இதே வேலைக்குத்தான். ஆகவே பொடியை இட்லி சூடாக இருக்கும்போதே இரண்டு பக்கமும் தடவ வேண்டும். ஆறிய பிறகு தடவினால் பாதி வேலை முடிந்துபோயிருக்கும். சோற்றையும் அப்படித்தான்: கொஞ்சம் கூடத் தண்ணீர் விட்டுக் குழைவாக வடித்து, சூட்டிலேயே நெய்யோ எண்ணெயோ விட்டுக் கிளற வேண்டும்.

டப்பாவை எப்போது மூடுவது என்பதும் கவனிக்க வேண்டியது. ஆவி பறக்கப் பறக்க மூடினால் ஆவி எவர்சில்வர் மூடியில் பட்டு முத்து முத்தாகத் திரளும். மூடியைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். அந்த முத்துகள் பையின் ஆட்டத்தில் இட்லியின்மேல் சொட்டும். மேலே சொதசொத, நடுவில் விறைப்பு. ஒரே வாயில் இரண்டு விதமாக இருப்பதைக் குழந்தைகள் வெறுக்கிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. ஆவி அடங்கும்வரை திறந்து வைத்து, மேலே ஒரு துண்டு வாழையிலை போட்டு மூடுங்கள்.

இடியப்பம் எளிதில் ஏமாற்றும். உளுந்து இல்லாத வெறும் அரிசிமாவு அது. தண்ணீரைப் பிடித்துவைக்கும் உளுந்துப் பசை இல்லாததால் மதியத்துக்குள் கம்பியாகிவிடும். தாளித்து, எண்ணெய் படப் பிரட்டினால் ஓரளவு தாங்கும். குழிப்பணியாரம் எல்லாவற்றையும்விட நன்றாகத் தாங்கும். உளுந்து இருக்கிறது, ஒவ்வொரு குழியிலும் எண்ணெய் இருக்கிறது, பொன்னிறத் தோல் உள் ஈரத்தை மூடிக் காக்கிறது. ஒரு வாய்க்கு ஒன்று என்ற அளவு வேறு. வெங்காயம் வதக்கிப் போட்டது பிடிக்காதென்றால் கருப்பட்டி போட்டு ஊற்றுங்கள். தயிர்சோற்றுக்குப் பாலை விட்டு ஒரு கரண்டி மோர் தெளித்தால் மதியம் அது தானே உறைந்து, புளிக்காத தயிராகியிருக்கும். நேற்றைய சோற்றில் மட்டும் பிசைய வேண்டாம். பாசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின், வேகவைத்தாலும் சாகாத வித்துகள் அரிசியில் உண்டு, வெளியே கிடந்த சோற்றில் அவை முளைத்து நஞ்சு விடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிள்ளைக்குப் புதிதாக ஒன்றை முதன்முதலில் டப்பாவில் வைத்து அறிமுகம் செய்யாதீர்கள். அந்தப் பலகாரத்தின் ஆகக் கெட்ட நேரத்தில் அதைப் பிள்ளை சந்திக்கும், அதுவே மனதில் நிற்கும். சனிக்கிழமை வீட்டில் சுடச்சுடக் கொடுத்துப் பழக்கிவிட்டு, பிறகு டப்பாவுக்குக் கொண்டுபோகலாம்.

டப்பா திரும்பி வந்தால் "யார் கண்ணோ பட்டுருச்சு" என்று மிளகாயும் உப்பும் சுற்றிப் போடுகிறார்கள். படித்த வீடுகளிலும் நடக்கிறது. இது எனக்கு வருத்தம் தருகிறது. மிளகாய் அடுப்பில் நெடியடித்தாலும் அடிக்காவிட்டாலும் அமைலோஸ் தன் வேலையைச் செய்யும். பிள்ளை எதைச் சொல்லி ஒதுக்கியது என்று கேட்காமலேயே போய்விடுகிறோம். "குத்துது", "ஒட்டுது", "விறைச்சுப்போச்சு" என்று பிள்ளை சொல்லும் ஒவ்வொரு சொல்லும் ஒரு தகவல்.

சத்துணவைக் குறைத்துப் பேசுகிறவர்களிடமும் இதைச் சொல்வேன். 1956-ல் காமராசர் தொடங்கிய மதிய உணவும், 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும், 2022-ல் தொடங்கிய காலைச் சிற்றுண்டியும் பெரும்பாலும் பள்ளியிலேயே சமைத்த சூட்டோடு தட்டுக்கு வருபவை. விலை உயர்ந்த டப்பாவில் ஐந்து மணி நேரம் கிடந்த சோற்றைவிட அந்தச் சாம்பார் சோற்றின் மாவுச்சத்து நல்ல நிலையில் இருக்கிறது. எல்லாப் பள்ளியிலும் சூடான மதியச் சோறு கிடைக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். அதற்கு வரிப்பணம் செலவானால் அதைவிட நல்ல செலவு எனக்குத் தெரியவில்லை.

ஆராய்ச்சிக்கும் அப்படியே. ரொட்டி பழசாவதைப் பற்றி நூற்றெழுபது ஆண்டுகளாகப் பணம் போட்டுப் படித்திருக்கிறார்கள், விற்காத ரொட்டி முதலாளிக்கு நட்டம் என்பதால். தின்னாத இட்லியின் நட்டம் அம்மாக்களுடையது, அதனால் அதற்கு முதலாளி இல்லை. காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் வர அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சம் ரூபாயும் கொடுத்தார், 1953-ல் அது திறக்கப்பட்டது. மைசூரில் உணவுத் தொழில்நுட்ப ஆய்வகம் இருக்கிறது. மதிய டப்பாவுக்கென்றே, நம் அரிசி ரகங்களை வைத்து, நம் வெயிலில் செய்த ஆய்வுக்கு இந்த மண்ணின் கொடையாளர்கள் யாராவது பணம் போட மாட்டார்களா என்று ஏங்குகிறேன்.

அதுவரை அடுப்படியே ஆய்வகம். வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரே ஈட்டில் மூன்று இட்லி எடுங்கள். ஒன்றை வெறுமனே டப்பாவில் மூடுங்கள். ஒன்றுக்குச் சூட்டிலேயே எண்ணெய் தடவி மூடுங்கள். ஒன்றை ஃபிரிட்ஜில் வையுங்கள். பன்னிரண்டரைக்கு உங்கள் பிள்ளையைக் கூப்பிட்டு, ஆள்காட்டி விரலால் மூன்றையும் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். விரல் எடுத்ததும் எது எழும்புகிறது, எது குழியாகவே நிற்கிறது, எது உதிர்கிறது என்று அவனே சொல்லட்டும். பிறகு ஃபிரிட்ஜ் இட்லியை ஐந்து நிமிடம் ஆவியில் வைத்து, மறுபடி அழுத்தச் சொல்லுங்கள். அந்த நாலாவது அழுத்தலின்போது என் பேத்தி சட்டென்று நிமிர்ந்து, "ஆயா, இது திரும்பி வந்துருச்சு!" என்றாள்.