மச்சானுக்குக் கொடுத்தாலும் சீட்டு எழுதுங்கள்

சீட்டு எழுதாத கடன் வழக்கு, இந்த மாதத்தில் இது மூன்றாவது. ஜெருசலேமில் ரபிகள், அதாவது யூத மதகுருக்கள், உட்கார்ந்து பணவழக்கு கேட்கும் மன்றங்களுக்கு, அதாவது பேத் தின்னுக்கு, மனு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. வருகிறவர்களில் பாதிப் பேர் ஏமாற்றுக்காரர்களே இல்லை, தினம் மூன்று வேளை ஜெபிக்கிறவர்கள். போன செவ்வாய்க்கிழமை வந்த இருவரும் மச்சான்கள், ஒரே ஜெபக்கூடத்தில் அடுத்தடுத்த நாற்காலி. பேக்கரிக்கு அடுப்பு வாங்க ஒருவர் மற்றவருக்கு 60,000 ஷெக்கெல் கைமாற்று கொடுத்திருக்கிறார், ரொக்கமாக. சீட்டு எங்கே என்றேன். போனை நீட்டினார். "வந்தது, யிஷர் கோஆஹ்" (நன்றி, நல்லா இருங்கள் என்கிற மாதிரி) என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி, பக்கத்தில் ஒரு கட்டைவிரல். எவ்வளவு வந்தது, கடனா, பங்கா, எப்போது திரும்பும், எதுவும் இல்லை. 40,000 திருப்பிக் கொடுத்தாயிற்று என்கிறார் பேக்கரிக்காரர், ஒரு ஷெக்கெல்கூட வரவில்லை என்கிறார் இவர். யாரோ ஒருவர் சுத்தமாக மறந்துவிட்டார், அவ்வளவுதான்.

ஏன் எழுதவில்லை என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் வைத்திருக்கிறார்கள்: "கடவுளுக்குப் பயந்த மனுஷன், அவரிடம் போய் எப்படிச் சீட்டு கேட்பது?" இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஐயா, சீட்டு திருடனுக்காக எழுதுவது என்று உங்களுக்கு யார் சொன்னது? யூதச் சட்ட விவாதங்களின் பழைய தொகுப்பான தல்மூத்தில், பாவா மெட்சியா என்ற பகுதியின் 75-ஆம் ஏட்டில், இதற்கென்றே ஒரு கதை இருக்கிறது. ரவீனா என்பவர் அறிஞர்கள் சொன்னதையெல்லாம் அப்படியே கடைப்பிடிக்கிறவர் என்று ரவ் அஷி என்ற அறிஞரிடம் சொல்கிறார்கள். உடனே சோதித்துப் பார்க்க ஆசை வந்துவிட்டது அவருக்கு. வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரம், சப்பாத் என்கிற ஓய்வுநாள் தொடங்கப் போகிறது, ரவீனாவிடம் ஆள் அனுப்பி 10 சூஸ் (அந்தக் கால வெள்ளிக்காசு) கேட்கிறார்: சின்னதாக ஒரு நிலம் விலைக்கு வந்திருக்கிறதாம். சாட்சிகளைக் கூட்டி வாருங்கள், பத்திரம் எழுதலாம் என்று பதில் வருகிறது. "எனக்குமா?" "உங்களுக்குத்தான் முக்கியமாக. படிப்பிலேயே மூழ்கிக் கிடக்கிறீர்கள், மறந்துவிடுவீர்கள், சாபம் என் தலையில் விழும்." ஒருவர் அறிஞர், கேட்டவரும் அறிஞர், சந்தேகம் என்ற பேச்சே அங்கே இல்லை. இன்னொன்று, அதே இடத்தில் சாட்சி இல்லாமல் கடன் கொடுக்கிறவன் "குருடன் முன்னே தடைக்கல் வைக்காதே" என்ற கட்டளையை மீறுகிறான் என்று இருக்கிறது. கவனியுங்கள், கொடுக்கிறவன்! நீங்கள் தாராள மனசு என்று நினைத்துக்கொண்டிருப்பதைச் சட்டம் உங்கள் பேரில்தான் குற்றமாக எழுதுகிறது. யூதச் சட்டத் தொகுப்பான ஷுல்ஹான் அரூக்கும் அறிஞருக்குக்கூட சாட்சியில்லாமல் கொடுக்காதே, ஈடு வாங்கிக்கொண்டால் தவிர, என்றே சொல்கிறது.

சரி, சீட்டு இல்லையென்றால் என்ன ஆகும்? ஒரு பகுதியை ஒப்புக்கொண்டு மீதியை மறுப்பவன் சத்தியம் செய்ய வேண்டும், அது தோரா, அதாவது வேதத்தின், சட்டம். ஆனால் உண்மை பேசுகிறவனுக்கும் சத்தியம் செய்யக் கை நடுங்கும், ரபிகளுக்கும் செய்ய வைக்க மனம் வராது, அதனால் நடுவில் ஏதோ ஒரு தொகைக்குச் சமரசம் பேசி அனுப்புவார்கள். இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அப்புறம் அந்த அடுத்தடுத்த நாற்காலி என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே தொகை, தேதி, கெடு மூன்றையும் எழுதுங்கள். கெடு போடாத கடனுக்கு முப்பது நாள் என்பதுதான் பழைய கணக்கு, "முடியும்போது கொடு" என்பதெல்லாம் உங்கள் இருவர் மனசில் இருந்தது. இரண்டு சாட்சிகள் வேண்டும், உறவுக்காரர்கள் செல்லாது, தம்பியைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கி வராதீர்கள். கடன் வாங்கியவர் கைப்பட எழுதித் தந்தாலும் சாட்சி இல்லாவிட்டால் "கொடுத்துவிட்டேன்" என்று சொல்ல அவருக்கு வழி இருக்கிறது. திருப்பித் தருகிறவரே, ஒவ்வொரு தவணைக்கும் ரசீது வாங்குங்கள், முடிந்ததும் சீட்டைக் கையோடு வாங்கிக் கிழித்துவிடுங்கள். நன்றிக்கு ஒரு பெட்டி ஒயினும் சேர்த்துக் கொண்டுபோகாதீர்கள், அது வட்டி! யூதர் யூதரிடம் வட்டி வாங்கக் கூடாது. கடனைக் கூட்டு முதலீடாக மாற்றி அந்தத் தடையைத் தாண்ட வங்கிச் சுவரில் தொங்குகிற ஹெத்தேர் இஸ்கா பத்திரம் வங்கியின் கடனுக்கு, உங்கள் ஒயினுக்கு இல்லை. ஏழாண்டுக்கு ஒருமுறை வரும் ஓய்வாண்டான ஷ்மித்தா, அடுத்தது 2028 செப்டம்பரில் தொடங்குகிறது. அந்த ஆண்டு முடியும்போது கெடு தாண்டி நிற்கும் கடன்கள் ரத்தாகும், கடனை மன்றத்திடம் ஒப்படைக்கும் புரோஸ்புல் பத்திரம் எழுதியிருந்தால் தப்பிக்கும். சென்ற முறை மறந்தவர்களை எனக்குத் தெரியும்.

கேட்க வெட்கமாக இருக்கிறதா, பழியை ஹலாகாவின், அதாவது யூதச் சட்டத்தின், மேல் போட்டுவிடுங்கள். "எனக்குப் பிரச்சினை இல்லை, எழுதாமல் கொடுக்கக் கூடாதாமே" என்று சொல்லுங்கள், தயவுசெய்து.

செவ்வாய்க்கிழமை மச்சான் படியில் இறங்கப் போனவர் திரும்பி வந்தார். பக்கத்து வீட்டுக்காரருக்கும் 8,000 கொடுத்திருக்கிறாராம், இப்போது போய்க் கேட்டால் தப்பாக நினைப்பாரோ என்றார். பிரிண்டரிலிருந்து இரண்டு வெற்றுத் தாள் உருவிக் கொடுத்தேன். ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார், நகலுக்கு இன்னொன்று வேண்டாமா என்று மறுபடி கத்திக் கூப்பிட வேண்டியிருந்தது.