திரை இருண்டால் எந்த வீதியில் கோளாறு?

காலை 9 மணிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்று முதல் நாள் பேப்பரிலேயே போட்டிருப்பார்கள். அதைப் பார்க்காமல், சிம்மக்கல் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் 8.50-க்கு லினக்ஸ் மிண்ட் என்ற இலவச ஓஎஸ் ஓடும் கணினியில் அப்டேட்டைத் தட்டிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். கரண்ட் திரும்பி வந்து கணினியைப் போட்டால் கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் கண் சிமிட்டும். "சிஸ்டம் போச்சு" என்று பென் டிரைவை எடுத்துப் புதிதாக ஓஎஸ் போட உட்கார்ந்துவிடுவார்கள். பெரும்பாலும் அதற்கு அவசியமே இருக்காது.

டெஸ்க்டாப் என்று நாம் சொல்வது ஒரே பொருள் அல்ல. மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் அடுக்கியிருப்பதுபோல அதுவும் அடுக்குகளால் ஆனது. நடுவில் கெர்னல், அதாவது வன்பொருளை ஆளும் ஓஎஸ்ஸின் மையம். அதை ஒட்டி கிராபிக்ஸ் டிரைவர். அடுத்து, திரையில் படம் வரைகிற எக்ஸ்ஆர்க் அல்லது வேலாண்ட். பிறகு பாஸ்வேர்டு கேட்கும் லாகின் திரை. எல்லாவற்றுக்கும் வெளியே மெனு, பேனல், ஜன்னல்களைப் பார்த்துக்கொள்ளும் சினமன், க்னோம், கேடிஇ. மாசி வீதியில் தேர் நின்றுவிட்டால் கோயில் நடை சாத்திவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. இங்கும் கோளாறு எந்த வீதியில் என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வெறும் எழுத்துத் திரை வந்து யூசர் பெயர் கேட்டால் கெர்னல் நலமாக இருக்கிறது, கோளாறு அதற்கு வெளியேதான். பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே போங்கள். பாஸ்வேர்டு தட்டும்போது திரையில் எதுவும் தெரியாது, அது இயல்புதான். (கட்டளைகளை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில் தட்ட வேண்டும்.)

மின்தடையில் நின்ற அப்டேட்டுக்கு என்ன ஆகிறது? உபுண்டு, மிண்ட், டெபியன் ஆகிய லினக்ஸ் வகைகள் மூன்றிலும் டிபிகேஜி என்ற நிரல்தான் பொதிகளை (நிரல்களின் கோப்புக் கட்டுகளை) நிறுவுகிறது. அதன் வேலை இரண்டு கட்டம்: முதலில் புதிய கோப்புகளைப் பிரித்து வைக்கும், பிறகு அவற்றை அமைக்கும். நடுவில் கரண்ட் போனால் சில பொதிகள் புதிது, சில பழையது, சில பிரித்தும் அமைக்காததுமாகக் கிடக்கும். புதிய சினமன் பழைய நூலகக் கோப்பை (பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் கோப்பை) தேடி எடுத்து, அதில் தனக்கு வேண்டியது இல்லாமல் விழுந்துவிடும். டிபிகேஜி எதுவரை முடித்தது என்பதைக் குறித்து வைத்திருப்பதால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்: "சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ". (சூடோ என்பது கட்டளையை நிர்வாகி உரிமையில் ஓட்டுவது.) அது முடிந்ததும் "சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்". இரண்டாவதில் வரும் ஆப்ட், பொதிகளை இறக்கித் தரும் நிரல் என்பதால் இணையம் தேவைப்படலாம். வைஃபை வராவிட்டால் கைபேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போட்டால் போதும்.

அப்டேட் ஒழுங்காக முடிந்தும் திரை வராவிட்டால் கதை வேறு. என்விடியா கார்டு உள்ள கணினியில் முதல் சந்தேகம் டிரைவர் மேல்தான். அந்த டிரைவர் ஒவ்வொரு கெர்னல் பதிப்புக்கும் தனியாகக் கட்டப்பட வேண்டும். அதற்கு வேண்டிய, கெர்னலை விவரிக்கும் ஹெடர் கோப்புகள் இல்லையென்றால் புதிய கெர்னலுக்கு டிரைவரே இருக்காது. ரீஸ்டார்ட் செய்யும்போது ஷிஃப்ட் விசையை (யுஇஎஃப்ஐ முறையில் தொடங்கும் புதிய கணினியில் எஸ்கேப்) அழுத்தி கிரப் என்ற தொடக்கப் பட்டியலை வரவழைத்து, "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" பகுதியில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதில் டெஸ்க்டாப் வந்துவிட்டால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது. "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக்" என்று ஹெடரைப் போட்டால், டிகேஎம்எஸ் (கெர்னல் மாறும்போது டிரைவரைத் தானே கட்டும் ஏற்பாடு) முறையில் வந்த டிரைவர் தானாகவே கட்டப்படும். செக்யூர் பூட் (நம்பகமான நிரல்களை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு) இயக்கத்தில் இருந்தால் கையொப்பம் இல்லாத டிரைவரைக் கெர்னல் ஏற்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

எல்லோரையும் குழப்புவது வேறொரு கோளாறு. லாகின் திரை அழகாக வரும், சரியான பாஸ்வேர்டு கொடுத்தால் ஒரு நொடி இருண்டு மறுபடி அதே லாகின் திரை. பாஸ்வேர்டு தப்பு என்று பத்து முறை தட்டிப் பார்ப்பார்கள். பல சமயம் காரணம் டிஸ்க் நிரம்பியது. அப்படியானால் லாகின் திரை மட்டும் எப்படி வருகிறது? இஎக்ஸ்டி4 கோப்பு முறை, வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட் என்ற நிர்வாகிப் பயனருக்கென்று ஒதுக்கி வைக்கிறது. 100 ஜிபியில் 5 ஜிபி. ரூட்டாக இயங்கும் சேவைகள் அதை வைத்துச் சமாளித்துக்கொள்ளும். உங்கள் பெயரில் தொடங்கும் செஷனுக்கோ ஒரு சின்னக் கோப்பு எழுதக்கூட இடம் இல்லை, உடனே செத்துவிடும். "டிஎஃப் -ஹெச்" தட்டி 100 சதவீதம் தெரிந்தால் "சூடோ ஆப்ட் கிளீன்" இறக்கி வைத்த பொதிகளைத் துடைத்துவிடும். இடம் இருந்தும் இப்படிச் சுற்றினால், ஹோம் கோப்புறையில் உள்ள ".எக்ஸ்அத்தாரிட்டி" கோப்பு (இதில் எக்ஸ் மட்டும் பெரிய எழுத்து) ரூட் பெயருக்கு மாறியிருக்கிறதா பாருங்கள். யாரோ சூடோ போட்டு ஸ்டார்ட்எக்ஸ் ஓட்டியிருப்பார்கள். அதை அழித்துவிடலாம், புதிதாக உருவாகிக்கொள்ளும்.

உள்ளே போக முடிகிறது, பேனல் மட்டும் இல்லை என்றால் "சூடோ ஆட்யூசர் சோதனை" (சோதனை என்ற இடத்தில் ஏதாவது ஆங்கிலப் பெயர்) என்று புதுப் பயனரை உருவாக்கி அதில் நுழைந்து பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் கோளாறு உங்கள் ஹோமில் உள்ள அமைப்புகளில்தான். க்னோமில் பெரும்பாலும் எக்ஸ்டென்ஷன்கள், அதாவது நாம் சேர்க்கும் துணை நிரல்கள். 2023 செப்டம்பரில் வந்த க்னோம் 45, எக்ஸ்டென்ஷன்களை ஏற்றும் முறையையே மாற்றியதால் பழையவை எதுவும் திருத்தாமல் ஓடவில்லை. ".கான்ஃபிக்" போன்ற கோப்புறைகளை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றி வையுங்கள், தேவைப்பட்டால் திரும்ப எடுக்கலாம்.

டெஸ்க்டாப் நன்றாக வந்து தமிழ்99 விசைப்பலகை மட்டும் காணாமல் போவதும் உண்டு. எக்ஸ்ஆர்க்கில் எந்த நிரலும் விசைப்பலகையை ஒட்டுக்கேட்கலாம், வேலாண்ட் அதற்கு விடுவதில்லை. அதனால் தமிழ் உள்ளீட்டு நிரலை டெஸ்க்டாப்புக்கே சொல்லி வைக்க வேண்டும். கேடிஇ பிளாஸ்மாவில் சிஸ்டம் செட்டிங்ஸ் போய் "விர்ச்சுவல் கீபோர்டு" பகுதியில் ஐபஸ் அல்லது எஃப்சிஐடிஎக்ஸ் 5 என்ற உள்ளீட்டு நிரலைத் தேர்வு செய்தால்தான் தமிழ் வரும்.

அப்டேட்டின்போது ஆப்ட் காட்டும் பட்டியலில் "நீக்கப்படும்" பொதிகளைப் படிக்காமல் ஒய் தட்டக் கூடாது. 2021-இல் பிரபல யூடியூபர் ஒருவர் பாப்!_ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்ற விளையாட்டு நிரலை நிறுவப் போய், எச்சரிக்கையைத் தாண்டி டெஸ்க்டாப்பையே நீக்கிக்கொண்டார். அப்படி நீங்கினாலும் மிண்ட்டில் "மிண்ட்-மெட்டா-சினமன்", உபுண்டுவில் "உபுண்டு-டெஸ்க்டாப்" என்ற ஒரு பொதியை நிறுவினால் முழுத் தொகுப்பும் திரும்பும்.

டைம்ஷிஃப்ட் என்ற மீட்பு நிரலில் முன்பே ஸ்னாப்ஷாட் (ஓஎஸ்ஸின் அந்நேர நகல்) எடுத்திருந்தால் எழுத்துத் திரையிலேயே "சூடோ டைம்ஷிஃப்ட் --ரீஸ்டோர்" போடலாம். வழக்கமான அமைப்பில் அது ஹோமைத் தொடாது, ஆகவே கடைக்காரரின் பில் கோப்புகள் அப்படியே இருக்கும்; ஆனால் அவற்றுக்குக் காப்பு வேண்டுமென்றால் தனியாகத்தான் எடுக்க வேண்டும்.

மின்தடை நாளில் அப்டேட் போட்டே ஆக வேண்டுமென்றால் "சூடோ ஆப்ட் அப்கிரேடு -டி" என்று பொதிகளை இறக்கி மட்டும் வையுங்கள். இறக்கும்போது கரண்ட் போனால் கெடுதல் இல்லை. நிறுவுவதை மாலையில் வைத்துக்கொள்ளலாம்.