ஏழு மணிக்குத் திறந்த கடை, ஏழு மணிக்கே காலி

பாண்டி ரெட்டியார்பாளையத்தில் டை-காஸ்ட் கார்கள் விற்கும் ஒரு சின்னக் கடைக்கு நான் வெப்சைட் பார்த்துக்கொள்கிறேன். உள்ளங்கையில் அடங்கும் உலோகக் கார்கள். சேகரிப்பவர்கள் இவற்றை டப்பாவைக்கூடப் பிரிக்காமல் அடுக்கி வைப்பார்கள். போன தீபாவளி முடிந்த வாரம், ஞாயிறு இரவு 7 மணிக்கு ஒரு லிமிடெட் எடிஷன் விற்பனைக்கு வந்தது. மொத்தம் 120 கார், விலை 1,499 ரூபாய், ஒருவருக்கு ஒன்றுதான். 7 மணி ஆகி ஒரு நிமிடம்கூட முடியவில்லை, ஸ்டாக் தீர்ந்துவிட்டது.

கடைக்காரருக்கு முதலில் ஒரே சந்தோஷம். அரை மணி நேரம் கழித்து அவருக்கு ஒரு போன் வந்தது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து பிளஸ் டூ படிக்கும் பையன். "அண்ணா, ஆறே முக்காலுக்கே உட்கார்ந்துட்டேன்ணா. அட்ரஸ் எல்லாம் முன்னாடியே போட்டு வச்சிருந்தேன். கார்ட்ல சேர்த்தேன், பணம் கட்டப் போறதுக்குள்ள போயிடுச்சு. எங்க நெட்டுதான் ஸ்லோவாண்ணா?" தீபாவளிக்குப் பெரியவர்கள் கொடுத்த காசை இதற்காகவே சேர்த்து வைத்திருந்தானாம். மறுநாள் காலை அதே கார் ஒரு வாட்ஸ்அப் குழுவில் 4,500 ரூபாய்க்கு வந்தது. கீழே "5 பீஸ் இருக்கு" என்று ஒரு வரி.

அந்தப் பையனின் கேள்விக்குப் பதில் தேடித்தான் சர்வர் லாகைத் திறந்து உட்கார்ந்தேன். வெப்சைட்டுக்கு யார் எப்போது வந்தார்கள், எதைக் கேட்டார்கள் என்று நொடிக்கு நொடி பதிவாகும் குறிப்பேடு அது. ஒரு மனிதர் போனில் ஒரு பொருளின் பக்கத்தைத் திறந்தால் படங்கள், எழுத்துரு, பட்டன் என்று பல கோப்புகள் கூடவே இறங்கும். அன்று மாலை 6:30 மணியிலிருந்து காரின் பக்கத்தைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் காரின் படத்தையே கேட்கவில்லை. ஸ்டாக் எண்ணிக்கையை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். காரின் முகத்தைப் பார்க்காமல் கார் வாங்க வரும் ஆள் யார்?

7 மணிக்கு விற்பனை திறந்ததும், பக்கத்தைக் கேட்டதற்கும் ஆர்டர் விழுந்ததற்கும் நடுவில் இரண்டு நொடிகூட இல்லாத ஆர்டர்கள் வரிசையாக இருந்தன. யூபிஐ பின் அடிக்கவே ஒரு மனிதருக்கு அதைவிட நேரம் ஆகும். பார்த்தால், அவற்றில் முக்கால்வாசி கேஷ் ஆன் டெலிவரி. பணம் கட்டும் படியே இல்லை.

அடுத்து முகவரிகள். ஒன்றில் "நெ. 14", இன்னொன்றில் "14, மாடி", அடுத்ததில் "புது எண் 14". தெருப் பெயரில் ஒரு எழுத்து கூட, ஒரு எழுத்து குறைய. கடைக்காரர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, இது எல்லாம் ஒரே வீடுப்பா" என்றார். மின்னஞ்சல்களும் அப்படித்தான். ஜிமெயிலில் பெயருக்கு நடுவே புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் கடிதம் ஒரே பெட்டிக்குத்தான் போகும். அந்தப் புள்ளியை இடம் மாற்றி மாற்றியே ஒருவர் ஒன்பது கணக்கு திறந்திருந்தார். எங்கள் மென்பொருளுக்கு அவர்கள் ஒன்பது வாடிக்கையாளர்கள்.

அந்தப் பையனுக்கு மறுநாளே போன் செய்து, உன் நெட்டில் ஒரு குறையும் இல்லை என்று சொன்னேன். இதைக் கடலூரிலும் பாண்டியிலும் இருக்கிற இன்னும் பலருக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

ஒரு காலத்தில் தியேட்டர் வாசலில் பிளாக்கில் டிக்கெட் விற்பவர்கள் நின்றார்கள். அவர்களும் வரிசையில் நின்றுதான் வாங்க வேண்டும், ஆளுக்கு ஐந்தோ பத்தோதான் கையில் சேரும். இன்று அந்த வேலையை பாட் என்று சொல்லப்படும் தானியங்கி நிரல் செய்கிறது. ஒரு பகுதி ஸ்டாக் எப்போது வருகிறது என்று கண்காணிக்கும். இன்னொரு பகுதி முன்கூட்டியே திறந்து வைத்த பத்து, நூறு கணக்குகளில் ஒரே நேரத்தில் ஆர்டர் போடும். ஒரே ஐபி முகவரியிலிருந்து, அதாவது இணையத்தில் ஓர் இணைப்பைக் காட்டும் ஒரே எண்ணிலிருந்து, வந்தால் மாட்டிக்கொள்ளும் என்பதால், வீட்டு இணைப்புகளின் ஐபிகளை வாடகைக்குத் தரும் பிராக்ஸி சேவைகள் வழியாக வரும். சர்வரின் கண்ணுக்கு நூறு வீட்டிலிருந்து நூறு பேர் வந்த மாதிரி இருக்கும். மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்ட்சா போட்டால் போதாதா என்று கேட்பார்கள். கேப்ட்சாவைக் காசு வாங்கிக்கொண்டு தீர்த்துக் கொடுக்கவே ஆட்களை வைத்து நடக்கும் சேவைகள் இருக்கின்றன. அது கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான்.

இந்தப் பிரச்சினைக்கு அளவில் எல்லையே இல்லை. 2020 நவம்பர் 25 அன்று பிளேஸ்டேஷன் 5 என்ற கேம் கருவியின் விற்பனையின்போது முதல் 30 நிமிடத்தில் மட்டும் 2 கோடிக்கு மேற்பட்ட பாட் முயற்சிகளைத் தடுத்ததாக அமெரிக்காவின் வால்மார்ட் சொன்னது. இந்தியாவில் அதே கருவிக்கு 2021 ஜனவரி 12 அன்று முன்பதிவு திறந்தபோது சில நிமிடங்களில் தீர்ந்தது. 49,990 ரூபாய்ப் பொருள் அப்புறம் மறுவிற்பனையில் என்ன விலைக்குப் போனது என்று அப்போது தேடியவர்களுக்குத் தெரியும்.

நம் ஊர் ஆட்களுக்கு இன்னும் பக்கத்தில் ஒரு உதாரணம் உண்டு, ரயிலின் கடைசி நேர முன்பதிவான தட்கல். ஏசி வகுப்புக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. முதல் ஐந்து நிமிடத்தில் வரும் லாகின் முயற்சிகளில் பாதி வரை பாட்கள் என்று 2025-ல் ரயில்வேயே சொன்னது. சந்தேகத்துக்குரிய 2.5 கோடிக்கும் அதிகமான பயனர் கணக்குகளை முடக்கியது. அந்த ஆண்டு ஜூலை 1 முதல் ஆன்லைன் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயமானது. முதல் அரை மணி நேரம் ஏஜென்ட்டுகள் தட்கல் பதிவு செய்யக் கூடாது என்றும் விதி வந்தது. இதில் எனக்குப் பிடித்தது அந்தக் கடைசி விதி. மொத்தமாக வாங்குபவரின் வேகத்தை அது பயனற்றதாக்கப் பார்க்கிறது.

என் தொழிலில் நான் கற்றுக்கொண்டதும் அதைத்தான். "முந்தி வருபவருக்கே" என்று கடிகாரத்தை வைத்து விற்கும் வரை இயந்திரம்தான் ஜெயிக்கும். தடுப்பு எவ்வளவு போட்டாலும் மனித விரல் மில்லி நொடியோடு ஓடி ஜெயிக்காது. போட்டியையே மாற்ற வேண்டும்.

கடைக்காரரிடம் இதைச் சொன்னபோது முதலில் அவருக்கு மனசில்லை. "ஒரு நிமிஷத்துல தீர்ந்துச்சுன்னு போட்டாத்தான தம்பி கடைக்குப் பேரு?" என்றார். அதற்குள் பார்சல்கள் திரும்பி வர ஆரம்பித்தன. மறுவிற்பனையில் போகாத கார்களை, கேஷ் ஆன் டெலிவரிதானே என்று வாசலிலேயே வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மொத்தம் 17 பார்சல். போக வர கூரியர் செலவு கடையின் தலையில். இரண்டு டப்பாவின் மூலை நசுங்கியிருந்தது, சேகரிப்பவர்களிடம் அது பாதி விலைக்குக்கூடப் போகாது. அதன் பிறகு "சரி, நீ சொல்ற மாதிரியே செய்யலாம்" என்றார்.

பொங்கலுக்கு வந்த அடுத்த எடிஷனைக் குலுக்கலில் விற்றோம். மூன்று நாள் பதிவு. முதல் நாள் காலையில் பதிவு செய்தாலும் மூன்றாம் நாள் இரவு பதிவு செய்தாலும் ஒரே வாய்ப்புதான். மொபைல் எண்ணுக்கு ஓடிபி, ஒரு எண்ணுக்கு ஒரு பதிவு. மின்னஞ்சலில் புள்ளிகளை நீக்கிவிட்டு ஒப்பிட்டோம், முகவரியில் கதவு எண்ணையும் பின்கோடையும் மட்டும் எடுத்து ஒப்பிட்டோம். இந்தக் கணக்கெல்லாம் சர்வரில் நடக்க வேண்டும். திரையில் மட்டும் "ஒருவருக்கு ஒன்று" என்று எழுதி வைத்தால் பாட் அந்தத் திரையைப் பார்ப்பதே இல்லை. இந்த எடிஷனுக்கு மட்டும் கேஷ் ஆன் டெலிவரி கிடையாது. பெயர் வந்தவர்கள் 24 மணி நேரத்துக்குள் பணம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பெயருக்குப் போகும். கடைசியில், குலுக்கலில் வந்த பட்டியலை அச்செடுத்து கடைக்காரரே பேனாவோடு உட்கார்ந்தார். மென்பொருள் விட்டுவிட்ட நான்கு பதிவுகளை அவர் பிடித்தார். இந்தப் பக்கத்துத் தெருக்கள் அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

குலுக்கல் வேண்டாம் என்றால் காத்திருப்பு அறை வைக்கலாம். விற்பனை தொடங்கும் முன் வந்து சேர்ந்த எல்லோரையும் ஒரே கூட்டமாக்கி, தொடங்கும் நொடியில் வரிசையைக் கலைத்துப் போட்டு எண் கொடுப்பது. பெரிய தளங்கள் செய்வது அதுதான். ஆனால் ஒரே ஆள் நூறு கணக்கோடு வந்து உட்கார்ந்தால் அவருக்கு நூறு எண் கிடைக்கும். அதனால் கணக்கைச் சரிபார்க்காமல் அறை மட்டும் கட்டிப் பயனில்லை.

சட்டம் உதவுமா என்று கேட்கிறார்கள். அமெரிக்காவில் 2016-ல் பாட் மூலம் நிகழ்ச்சி டிக்கெட் வாங்குவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. அதன் கீழ் முதல் நடவடிக்கை 2021 ஜனவரியில்தான் வந்தது. அதுவும் டிக்கெட்டுக்கு மட்டும். இங்கே ரயில் டிக்கெட்டுக்கு, அனுமதியில்லாமல் டிக்கெட் வாங்கி விற்கும் தொழிலைத் தடுக்கும் ரயில்வே சட்டத்தின் 143-வது பிரிவு இருக்கிறது. மற்ற பொருள்களுக்கு நம் கையில் இருப்பது எம்ஆர்பி. டப்பாவில் அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் கடைக்காரர் விற்கக் கூடாது. அப்படி விற்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

வாங்குபவர்களிடம் கெஞ்சியே ஒன்று கேட்கிறேன். "ஆட்டோ பை" என்று டெலிகிராமில் சுற்றும் எக்ஸ்டென்ஷன்களை உங்கள் பிரவுசரில் போடாதீர்கள். நாமும் ஒரு பாட் வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றும். உங்களுக்காக ஆர்டர் போட வேண்டுமானால் அது உங்கள் லாகினையும் கார்டு விவரத்தையும் படிக்க வேண்டும். யார் எழுதியது என்றே தெரியாத நிரலுக்கு அந்த உரிமையைக் கொடுக்கிறீர்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரி மாணவர் இப்படிப் போட்ட ஒரு வாரத்தில் தன் மின்னஞ்சலையே இழந்தார். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள், முதல் சில மணி நேரம்தான் முக்கியம்.

பொங்கல் குலுக்கலில் அந்தத் திருப்பாதிரிப்புலியூர்ப் பையனின் பெயர் வரவில்லை. தேர்வானவர்களின் பட்டியலை முதல் எழுத்தும் ஊரும் மட்டும் வைத்து வெளியிட்டிருந்தோம். அதில் கடலூர்க்காரர்கள் மூன்று பேர். சேகரிப்பாளர் குழுவில் விசாரித்து அவர்களில் ஒருவரைக் கண்டுபிடித்து, ஒரு சாயங்காலம் சைக்கிளில் போய்க் காரைப் பார்த்துவிட்டு வந்தானாம். "டப்பாவுக்குள்ளயே இருக்குண்ணா, அவர் பிரிக்கவே இல்ல" என்று போனில் சொன்னான்.