எண்பது சதவீதத் தள்ளுபடியில் வாங்கிய குங்குமச் சிமிழ்

முகூர்த்த மாதம் பிறந்தால் போதும், கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் வக்கீல் அலுவலகத்துக்கு ஒரே மாதிரிப் புகார் வர ஆரம்பித்துவிடும். வளைகாப்புக்கு, கிரகப்பிரவேசத்துக்கு, காதுகுத்துக்கு என்று ரிட்டர்ன் கிஃப்ட்டை ஆன்லைனில் வாங்கினோம், ஏமாந்துவிட்டோம். கடைசியாக வந்தவர் நெல்லிக்குப்பத்து அம்மா ஒருவர். மகளின் வளைகாப்புக்கு ஜெர்மன் சில்வர் குங்குமச் சிமிழ் அறுபது கேட்டு, முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டார். வந்து சேர்ந்தது வெள்ளிப் பூச்சு அடித்த பிளாஸ்டிக் டப்பா. கட்டை விரல் நுழையாது. (ஜெர்மன் சில்வரிலேயே வெள்ளி கிடையாது, செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். அது வேறு கதை.)

"வக்கீலம்மா, ஒரு நோட்டீஸ் விட்டா பயந்துடுவானுங்க இல்ல?"

விடலாம். யாருக்கு விடுவது? அவரிடம் இருந்தது ஒரு இன்ஸ்டாகிராம் பக்கம், அதுவும் இப்போது திறக்கவில்லை; பணம் அனுப்பிய ஒரு போன் நம்பர். கடைக்காரன் பெயர் இல்லை, ஊர் இல்லை, கதவு எண் இல்லை. எப்படி இந்தக் கடையைப் பிடித்தீர்கள் என்று கேட்டேன். "சீப் ரிட்டர்ன் கிஃப்ட்னு தேடினேன், வந்துச்சு" என்றார்.

வரத்தான் செய்யும். 'சீப்', 'ஆஃபர்', 'பெஸ்ட் பிரைஸ்' என்று தேடுகிறவர்களைப் பிடிப்பதற்கென்றே அந்தச் சொற்களைத் தலைப்பில் போட்டுக்கொண்டு காத்திருக்கிறார்கள். கூகுளில் மேலே வரும் முதல் சில முடிவுகளில் பொடி எழுத்தில் 'ஸ்பான்சர்டு' என்று இருக்கும். காசு கொடுத்துப் பிடித்த இடம் அது. முதலில் வருவதால் நல்ல கடை என்றோ, விலை குறைந்த கடை என்றோ அர்த்தமில்லை.

விலையைத் தேடாதீர்கள், பொருளைத் தேடுங்கள். எதனால் செய்தது, என்ன அளவு, எத்தனை வேண்டும், இதெல்லாம் தேடும் வரியிலேயே இருக்கட்டும். 'பித்தளை குங்குமச் சிமிழ் 2 இன்ச் 50 பீஸ் மொத்த விலை' என்று அடித்துப் பாருங்கள், வரும் கடைகளே மாறிவிடும். பிளாஸ்டிக் சாமான் நடுவில் வந்து தொல்லை செய்தால், அந்தச் சொல்லுக்கு முன்னால் இடைவெளி விடாமல் ஒரு கழித்தல் குறி போடுங்கள், பெரும்பாலும் ஒதுங்கிவிடும். தமிழில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை தேடுங்கள். ஷாப்பிங் தளத்துக்குள் போனபின் விலை வரம்பை நீங்களே வையுங்கள், ஐம்பதிலிருந்து எண்பது ரூபாய் என்று. வரம்பு வைக்காமல் மேய ஆரம்பித்தால் அறுபது ரூபாய்க்குப் போனவர் இருநூறு ரூபாய்ப் பொருளோடுதான் வெளியே வருவார்.

இப்போது எனக்கு ஆத்திரம் வரும் விஷயத்துக்கு வருகிறேன். அடித்துப் போட்ட விலை. ரூ.2,499 என்று எழுதி, குறுக்கே ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் ரூ.399. "எண்பத்து நாலு பர்சென்ட் ஆஃபர் மேடம்" என்று படித்தவர்கள், பேங்க் மேனேஜர்கள்கூட என் எதிரில் உட்கார்ந்து சொல்கிறார்கள். அந்த 2,499-க்கு அதை யார் வாங்கினார்கள்? எந்தக் கடையில் அந்த விலைக்கு இருந்தது? எம்ஆர்பி என்பது வரியெல்லாம் சேர்த்து அதற்கு மேல் விற்கக் கூடாது என்ற உச்ச வரம்பு. அதை அச்சடிப்பது தயாரிப்பவரோ, பேக் செய்பவரோ, இறக்குமதி செய்பவரோதான். பெயர் தெரிந்த கம்பெனியின் குக்கருக்கு அந்த எண்ணில் கொஞ்சம் அர்த்தம் இருக்கும். நாலு கடையில் விசாரித்துவிடலாம். பெயரே இல்லாத சிமிழுக்கும் விளக்குக்கும் போட்டோ பிரேமுக்கும் எந்த எண்ணை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அதிலிருந்து எண்பது சதவீதம் கழித்தால் என்ன, தொண்ணூறு கழித்தால் என்ன? தள்ளுபடி சதவீதம் இருக்கும் இடத்தைக் கட்டை விரலால் மறைத்துக்கொண்டு, கையை விட்டுப் போகும் தொகையை மட்டும் பாருங்கள் என்று கட்சிக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

சந்தேகமாக இருந்தால் அந்தப் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் (படத்தை வைத்தே தேடும் வசதி) போடுங்கள். நெல்லிக்குப்பத்து அம்மாவின் சிமிழ்ப் படத்தை அவர் எதிரிலேயே போட்டேன். அதே தட்டு, அதே மல்லிகைச் சரம், அதே சிமிழ். ஆளுக்கொரு கடைப் பெயரில், ஆளுக்கொரு விலையில் வரிசையாக வந்தது. யாரோ எடுத்த படத்தை எல்லோரும் போட்டு விற்றுக்கொண்டிருக்கிறார்கள். பொருள் ஒன்றேதான் என்றால் விலை குறைந்த இடம் உடனே தெரிந்துவிடும். படம் மட்டும் திருட்டு என்றால் அதுவும் தெரிந்துவிடும்.

பொருளைத் தனியாக வைத்து எடுத்த படத்தில் அளவே தெரியாது. கீழே விவரத்தில் சென்டிமீட்டர் கணக்கு போட்டிருப்பார்கள். பிள்ளையின் ஸ்கேலை எடுத்துக் கையில் வைத்துப் பாருங்கள், நான்கு சென்டிமீட்டர் எவ்வளவு பொடிசு என்று. பித்தளை என்றால் எடையையும் பாருங்கள். எடை போடாமல் பித்தளை விற்பவரிடம் வாங்காதீர்கள்.

விலையை ஒப்பிடும்போது ஒரு பீஸுக்கு, வீட்டு வாசல் வரைக்கும் கணக்குப் போடுங்கள். பத்து பீஸ் 420 ரூபாய், டெலிவரி 70 என்றால் ஒன்று 49 ஆகிறது. பன்னிரண்டு பீஸ் 540, டெலிவரி இலவசம் என்றால் 45 தான். முதலாவது மலிவாகத் தெரியும், கடைசிப் பக்கத்தில்தான் சாயம் வெளுக்கும். பணம் கட்டும் நேரத்தில் புதுக் கட்டணங்களை நுழைப்பது, 'இன்னும் இரண்டே பீஸ்' என்று பொய்யாக அவசரப்படுத்துவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது எல்லாமே 2023-இல் வந்த டார்க் பேட்டர்ன் (வாங்குபவரை ஏமாற்றும் தள உத்திகள்) வழிகாட்டுதல்களின்படி தடை. தடை இருந்தும் செய்கிறார்கள். நீங்கள் அவசரப்படாமல் இருந்தாலே பாதி பிழைத்தீர்கள்.

விற்பவர் யார் என்பதையும் பாருங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி பெயர், முகவரி, குறைதீர்ப்பு அலுவலர் விவரம் எல்லாம் தளத்தில் இருக்க வேண்டும். இல்லாத இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள். "கேஷ் ஆன் டெலிவரி தானே, பயமில்லை" என்பார்கள். பெட்டியைப் பிரிக்கும் முன்பே பணம் போய்விடுகிறதே, அப்புறம் என்ன பயமில்லை?

ஆன்லைனில் தேடுவதென்றால் இரண்டு மூன்று பெரிய தளங்களோடு நின்றுவிடுகிறோம். கைவினைப் பொருள் விற்கும் அரசின் பூம்புகார், கைத்தறி விற்கும் கோ-ஆப்டெக்ஸ் இரண்டுக்குமே ஆன்லைன் கடை உண்டு. புதுச்சேரிப் பக்கம் வில்லியனூர் சுடுமண் பொம்மைக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் புவிசார் குறியீடே (இன்ன ஊர்ப் பொருள் என்று அரசு தரும் பதிவு) இருக்கிறது. ஊர்ப் பெயரைச் சேர்த்துத் தேடினால் செய்கிறவர்களின் போன் நம்பர் வரைக்கும் வரும். கடலூர் வண்டிப்பாளையத்தில் கொலு பொம்மை செய்கிறார்கள். பண்ருட்டி முந்திரி கால் கிலோ பாக்கெட்டை வேண்டாம் என்று சொல்லும் விருந்தாளியை நான் பார்த்ததில்லை. ஆன்லைன் விலையைக் கையில் வைத்துக்கொண்டு கடலூர் லாரன்ஸ் ரோட்டிலோ புதுச்சேரி பெரிய மார்க்கெட்டிலோ மொத்தமாக வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். பல நேரம் அங்கேயே படிந்துவிடும், பொருளையும் கையால் தொட்டுப் பார்த்து வாங்கலாம்.

ஐம்பது பீஸ் வேண்டுமானால் முதலில் ஒன்றே ஒன்று வரவழையுங்கள். முழு ஆர்டர் வந்ததும், விசேஷத்தன்று பிரிப்போம் என்று பரணில் ஏற்றாதீர்கள். திருப்பி அனுப்பும் கெடு பரணிலேயே முடிந்துவிடுகிறது. முன்கூட்டியே வாங்கியவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள், பாவம். வந்த அன்றே வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள், மேலே ஒட்டிய முகவரிச் சீட்டு தெரியும்படி.

தப்பு நடந்துவிட்டால் கஸ்டமர் கேர் நம்பரை மட்டும் கூகுளில் தேடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ரீஃபண்ட் தருகிறேன் என்று ஒருவன் எடுப்பான், யுபிஐ பின் போடச் சொல்வான், இருந்ததும் போய்விடும். நமக்குப் பணம் வர யுபிஐ பின் நம்பர் தேவையே இல்லை. ஆர்டர் பக்கத்துக்குள் இருக்கும் உதவிப் பகுதி வழியாகவே புகார் கொடுங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதில் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது விதி. அசையவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆளே மாயமாகிவிட்ட மோசடி என்றால் அந்த நிமிடமே 1930. பணம் அவன் கணக்கை விட்டு நகர்வதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. வக்கீலைப் பார்ப்பதெல்லாம் அதற்கப்புறம்.

விற்பவன் குஜராத்தில் இருந்தாலும் கடலூர்க்காரர் கடலூர் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், புதுச்சேரிக்காரர் அங்கேயே போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வரும்போது பில், ஆர்டர் எண், பணம் போன விவரம், பெட்டியோடு பொருள் எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் மேலே தளத்தின் முகவரியும் தேதியும் தெரிய வேண்டும். அழகாக இருக்கட்டும் என்று அதை வெட்டிவிட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அதோடு, அந்தப் படம் எந்தப் போனில் எடுத்தது என்று உறுதி சொல்லும் மின்னணுச் சான்றுக்கான சான்றிதழ் ஒன்றையும் நான் தாக்கல் செய்ய வேண்டும், அதனால் படம் எடுத்த போனையும் விற்றுவிடாமல் வைத்திருங்கள்.