வால்வு டைமிங் ஆக்சுவேட்டரைக் கழற்றும் முன் ஆயிலைப் பாருங்கள்

கடந்த மழைக்காலத்தில் பொள்ளாச்சியைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் ஒருவர், எட்டு ஆண்டுகள் ஓடிய தமது 1.2 லிட்டர் பெட்ரோல் காரை என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். ஆழியாரிலிருந்து வால்பாறை ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டும் முன்பே வண்டி இழுக்க மறுத்துவிட்டதாகவும், அன்று எரியத் தொடங்கிய செக் இன்ஜின் விளக்கு அதன்பின் அணையவே இல்லை என்றும் சொன்னார். வேறோர் இடத்தில் ஸ்கேனர் போட்டுப் பார்த்தவர்கள், வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்றும் பாகமான வால்வு டைமிங் ஆக்சுவேட்டரையும், அதைச் சுழற்றும் டைமிங் செயினையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை எழுதிய சீட்டு ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். ஸ்கேனரில் பதிவாகியிருந்த பழுதுக் குறியீடு, அதாவது கோடு, பி0011.

அந்தக் கோடு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இன்டேக் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான இன்டேக் கேம்ஷாஃப்ட், இன்ஜின் கணினி கேட்ட கோணத்தைவிட முன்னேறிய நிலையில் நின்றுவிட்டது, அல்லது கேட்டபடி நகரவில்லை. ஏன் நின்றது, எந்தப் பாகத்தால் நின்றது என்பதை அது சொல்வதில்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் கோடு எண்ணைப் படித்தவுடன் பாகத்தை மாற்றுவதால்தான் நல்ல ஆக்சுவேட்டர்கள் பல பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன.

ஆக்சுவேட்டர் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். கேம்ஷாஃப்ட்டின் முனையில், செயின் சுற்றும் பல்சக்கரத்துக்குள்ளேயே அது உட்கார்ந்திருக்கும். வெளிக்கூடு செயினோடு சுழலும். உள்ளே இறக்கைகள் கொண்ட ரோட்டர் கேம்ஷாஃப்ட்டோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் இறக்கைக்கும் இருபுறமும் சிறு அறைகள் உண்டு. ஒரு பக்கம் ஆயில் நிரம்பினால் கேம் முன்னால் நகரும், மறுபக்கம் நிரம்பினால் பின்னால் நகரும். எந்தப் பக்கம் எவ்வளவு ஆயில் போக வேண்டும் என்பதை ஆயில் கன்ட்ரோல் வால்வு கணினியின் கட்டளைப்படி தீர்மானிக்கிறது. ஹூண்டாய் இதை விடிவிடி என்றும், மாருதி விவிடி என்றும், டொயோட்டா விவிடி-ஐ என்றும் அழைத்தாலும், இன்று ஓடும் பெரும்பாலான சிறிய பெட்ரோல் கார்களில் அடிப்படை இதுதான். ஐட்லிங்கில் வண்டி அமைதியாக நிற்பதற்கும், நடுத்தர வேகத்தில் நல்ல இழுவை கிடைப்பதற்கும், மைலேஜ் குறையாமல் இருப்பதற்கும் இந்தச் சில டிகிரி நகர்வே காரணம். சுருங்கச் சொன்னால், ஆக்சுவேட்டருக்குச் சொந்த பலம் கிடையாது. அதன் பலம் முழுவதும் இன்ஜின் ஆயிலின் அழுத்தம்தான்.

எனவே ஆசிரியரின் வண்டியில் நான் முதலில் இழுத்துப் பார்த்தது டிப்ஸ்டிக்கை. ஆயில் அளவு கீழ்க் கோட்டுக்கும் கீழே இருந்தது. விரலில் தேய்த்தால் தார்போலக் கறுப்பாக ஒட்டியது. சர்வீஸ் செய்து எவ்வளவு நாள் ஆயிற்று என்று கேட்டேன். ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவதில்லை என்பதால், 10,000 கிலோமீட்டர் ஆகட்டும் என்று இரண்டரை ஆண்டுகள் காத்திருந்ததாகச் சொன்னார். இந்தத் தவறைப் படித்தவர்களும் செய்கிறார்கள். சர்வீஸ் புத்தகத்தில் கிலோமீட்டரோடு மாதக் கணக்கும் போட்டு, எது முதலில் வருகிறதோ அதன்படி மாற்றுங்கள் என்று அச்சிட்டிருப்பது காரணமில்லாமல் இல்லை. வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் தூரப் பள்ளிக்குப் போய்த் திரும்பும் வண்டியில் ஆயில் முழுச் சூட்டை எட்டுவதே இல்லை. அதில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேறாமல், நாளடைவில் கசடாகப் படிகின்றன.

அடுத்து ஆயில் கன்ட்ரோல் வால்வைக் கழற்றினேன். ஒரே ஒரு பத்து எம்எம் போல்ட்தான். ஐந்து நிமிட வேலை. அதன் உடலில் இருந்த சல்லடையை விளக்கொளியில் பிடித்துப் பார்த்தபோது, கறுப்புத் துகள்களுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் நூல்போலச் சில இழைகள் சிக்கியிருந்தன. அவை முன்பு யாரோ இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றிப் பூட்டும்போது அளவுக்கு மீறிப் பூசிய கேஸ்கெட் பேஸ்ட்டின் மிச்சங்கள். உள்பக்கம் பிதுங்கிய பேஸ்ட் காய்ந்து உதிர்ந்து, ஆயிலோடு பயணம் செய்து கடைசியில் இந்தச் சல்லடையில் வந்து நின்றிருக்கிறது. பேஸ்ட் பூசும்போது மெல்லிய ஒரே கோடாகப் பூசினால் போதும் என்று இளைய மெக்கானிக்குகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

வால்வின் காயிலை மல்டிமீட்டரில் அளந்தேன். சுமார் ஏழு ஓம் காட்டியது, அது சரியான அளவே. பின் வால்வைத் திரும்பப் பூட்டி, இன்ஜினை ஐட்லிங்கில் விட்டு, கனெக்டரைப் பிடுங்கிவிட்டு, ஓரிரு வினாடிகள் மட்டும் பேட்டரி மின்சாரத்தை நேரடியாகக் கொடுத்தேன். வால்வும் ஆக்சுவேட்டரும் ஒழுங்காக இருந்தால், அந்தக் கணத்தில் கேம் முன்னேறி இன்ஜின் தள்ளாடும் அல்லது நின்றே போகும். முதலில் எந்த மாற்றமும் இல்லை. சல்லடையையும் வால்வையும் சுத்தம் செய்து மறுபடி சோதித்தபோது இன்ஜின் உடனே குலுங்கி நின்றது. ஆக்சுவேட்டர் கட்டளைக்குக் கீழ்ப்படிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. சம்ப்பை இறக்கி, ஆயிலை உறிஞ்சும் இடத்தில் உள்ள சல்லடையான ஸ்ட்ரெய்னரைக் கழுவி, புத்தகத்தில் சொன்ன கிரேடு ஆயிலும் புதிய ஃபில்டரும் போட்டு, 1,000 கிலோமீட்டரில் மீண்டும் ஒருமுறை ஆயில் மாற்றினேன். இவ்வளவு கசடு பிடித்த இன்ஜினில் கடுமையான ஃப்ளஷ் திரவங்களை ஊற்ற எனக்கு மனம் வருவதில்லை. பெயர்ந்து விழும் கட்டிகள் ஸ்ட்ரெய்னரை அடைத்தால் பேரிங்குகளே போய்விடும்.

கோடையில் தடித்த ஆயில் போட்டால் இன்ஜினுக்கு நல்லது என்ற நம்பிக்கை நம்மூரில் இன்னும் இருக்கிறது. 0டபிள்யூ-20 அல்லது 5டபிள்யூ-30 கேட்கும் இன்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றினால், ஆக்சுவேட்டரின் குறுகிய வழிகளில் அது காலை நேரத்தில் மெதுவாகவே ஊரும், கணினி கேட்ட நேரத்தில் கேம் நகராது, கோடு விழும். பாகத்தில் பழுதே இருக்காது.

உண்மையிலேயே ஆக்சுவேட்டர் பழுதாகும் வண்டிகளும் வருகின்றன. அவற்றின் முதல் அடையாளம் விடியற்காலை ஓசை. இன்ஜினை நிறுத்தும்போது ரோட்டர் நகராமல் இருக்க உள்ளே ஒரு லாக் பின் பூட்டிக்கொள்ளும். அது தேய்ந்தால், இரவு முழுவதும் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்தவுடன், ஆயில் அழுத்தம் ஏறும்வரை ஓரிரு வினாடிகள் கரகரவென்று உலோகம் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்கும். சூடான பிறகும் சத்தம் நீடித்தால் செயினை இறுக்கமாகப் பிடித்திருக்கும் டென்ஷனரையும் சந்தேகிக்க வேண்டும். பிஸ்டன்கள் சுழற்றும் க்ராங்க்ஷாஃப்ட்டும் கேம்ஷாஃப்ட்டும் ஒத்துப்போகவில்லை என்று சொல்லும் பி0016 கோடு வந்தால் செயின் நீண்டிருக்கிறதா அல்லது ஒரு பல் தாண்டியிருக்கிறதா என்று பார்க்காமல் ஆக்சுவேட்டருக்கு ஆர்டர் கொடுக்கக் கூடாது.

ஆக்சுவேட்டரை மாற்றும் வேலையில் நான் அதிகம் அஞ்சுவது செயின் டென்ஷனரைத்தான். தொழில் கற்ற காலத்தில், டென்ஷனரை ஒரு லாக் பின் செருகி நிறுத்தாமல் ஆக்சுவேட்டரின் நடு போல்ட்டைத் தளர்த்திவிட்டேன். டென்ஷனருக்குள்ளிருந்து செயினைத் தள்ளும் பிளஞ்சர் முழுவதும் வெளியே வந்துவிட்டது; செயினை மீண்டும் பொருத்த, இன்ஜினின் முன்பக்கக் கவர் முழுவதையும் கழற்ற வேண்டியதாயிற்று. ஒரு மதிய வேலை மூன்று நாள் ஆனது. அந்த வண்டியின் உரிமையாளர் பேருந்தில் வேலைக்குப் போய்வந்த அந்த மூன்று நாட்களை நான் மறக்கவில்லை.

இப்போது நான் கடைப்பிடிக்கும் முறை இது. பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, இன்ஜினின் மேல் மூடியான டேப்பட் கவரை எடுத்தபின், க்ராங்க் புல்லி போல்ட்டைக் கொண்டு இன்ஜினை அது சுழலும் திசையிலேயே மெதுவாகத் திருப்பி, முதல் சிலிண்டரின் பிஸ்டனை மேல்நிலைக்குக் கொண்டுவந்து, டைமிங் குறிகள் நேராக நிற்பதை உறுதிசெய்கிறேன். செயின் கண்ணியிலும் பல்சக்கரத்திலும் வெள்ளைப் பெயின்ட்டால் அடையாளம் இடுகிறேன். டென்ஷனரைப் பூட்டிய பிறகே கேம்ஷாஃப்ட்டின் அறுகோணப் பகுதியில் ஸ்பேனர் பிடித்து நடு போல்ட்டைத் தளர்த்துகிறேன். செயினை நம்பி எதிர்விசை கொடுப்பதில்லை. ஆக்சுவேட்டரின் முகப்பில் சுற்றிலும் உள்ள சிறு போல்ட்டுகளைத் தொடவே கூடாது. அவை அதன் உள்ளறைகளை மூடுபவை.

புதியதைப் பொருத்தும்போது, கேம் முனையில் சிறு முளைபோல இருக்கும் டவல் பின் அதற்குரிய துளைக்குள் முழுவதும் அமர்ந்துவிட்டதா என்று கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். பின் அமராமல் போல்ட்டை இறுக்கினால், டைமிங் தவறுவதோடு ஆக்சுவேட்டரின் முகமும் கெடும். இறுக்கும் அளவு அந்த இன்ஜினின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ளபடிதான். டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த போல்ட்டைத் தொடுவதை நான் அனுமதிப்பதில்லை. அதன்பின் டென்ஷனர் பின்னை எடுத்துவிட்டு, க்ராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுகள் சுற்றி, டைமிங் குறிகளை மறுபடி பார்க்கிறேன். எங்காவது தடுத்தால் பலம் கொடுக்கக் கூடாது. பிஸ்டன் வால்வைத் தொடுகிறது என்று அர்த்தம்.

எல்லாவற்றையும் பூட்டியதும், ஃபியூயல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டுச் சில வினாடிகள் ஸ்டார்ட்டரை மட்டும் சுற்ற விடுகிறேன். புதிய ஆக்சுவேட்டரின் அறைகளில் ஆயில் ஏறுவதற்காக. பிறகு ஸ்டார்ட் செய்து, ஸ்கேனரில் கணினி கேட்கும் கோணத்தையும் கேம் நிற்கும் கோணத்தையும் அருகருகே வைத்து, 2,500 ஆர்பிஎம் வரை ஏற்றி இறக்கிப் பார்க்கிறேன். இரண்டு எண்களும் ஒன்றையொன்று தொடர வேண்டும். பழைய பாகத்தை அதன் பெட்டியிலேயே போட்டு உரிமையாளரிடம் கொடுக்கிறேன். கொடுக்காவிட்டால் கேட்டு வாங்கிக்கொள்வது உங்கள் உரிமை.

அன்று மாலையே வண்டியை ஒப்படைப்பதில்லை. இரவு முழுவதும் நிறுத்தி வைத்து, மறுநாள் காலை உரிமையாளரை வரச்சொல்லி, பானெட்டைத் திறந்துவைத்து, அவர் கையாலேயே சாவியைத் திருப்பச் சொல்கிறேன். அந்த முதல் இரண்டு வினாடிகளில் கரகரப்பு இல்லை என்பதை இருவரும் சேர்ந்து கேட்ட பிறகே பில் போடுகிறேன்.